இந்தோனேசியா ரோட்டுக்கடையில சாத்தே சாப்பிடுறது எப்படி? முதல் தடவை போறவங்களுக்கு

ஜகார்த்தா, யோக்யகர்த்தா, சுரபாயா எங்க போனாலும் சரி, சாயங்காலம் மக்ரிப் பாங்கு சொல்லி முடிச்ச கையோட ரோட்டோரத்துல புகை கிளம்பிரும். சாத்தே கடைங்க. மூங்கில் குச்சியில கறிய குத்தி கரி அடுப்புல வாட்டி குடுக்கிறது, இதுக்கு ஒரு செய்முறை விளக்கமான்னு கேப்பீங்க. நம்மாளுங்க நிறைய பேரு ஹோட்டல் பஃபேல ஆறிப்போன சிக்கன் குச்சிய கடலை சாஸ்ல முக்கி தின்னுட்டு, ப்ளேட்ட வெச்சுட்டு, "ஓ இதானா"ன்னு ஊருக்கு திரும்பிடுறாங்க. சாத்தேன்னா வெறும் கடலை சாஸ் சிக்கன் கிடையாதுங்க, ஊருக்கு ஊர் மாறும். ஆனா ஆரம்பிக்கிறது அங்கிருந்துதான் ஆரம்பிக்கணும், அதையும் ரோட்டுல சாப்பிடணும்.

ஸ்டெப் 1: என்ன கறின்னு பேனர்ல படிங்க

கடைக்கு முன்னாடி துணி பேனர் கட்டியிருப்பாங்க, கோழி படம் ஆட்டு படம்லாம் போட்டு. ஆயாம்னா கோழி. கம்பிங்னா ஆடு. சாப்பின்னா மாடு, பாபின்னா பன்னி, கெலின்ச்சின்னா முயல். இந்த அஞ்சு மட்டும் மனப்பாடம் பண்ணிக்கங்க, போதும். மாட்டுக்கறி சாப்பிடாதவங்க சாத்தே படாங், சாத்தே மராங்கி ரெண்டுலயும் உஷாரா இருங்க, பெரும்பாலும் மாடுதான். பாலியில பன்னி சாத்தே ரொம்ப சகஜம். "சாத்தே மதுரா"ன்னு போட்டிருந்தா கிழக்கு ஜாவாவ ஒட்டி இருக்கிற மதுரா தீவுக்காரங்க கடை, அவங்க முஸ்லிம்கள், பன்னி இருக்காது. முதல் தடவைக்கு இந்த மதுரா கடையில கோழி சாத்தே, கண்ண மூடிட்டு போகலாம்.

ஸ்டெப் 2: அடுப்ப பாருங்க, பேனர் அப்புறம்

பச்சைக் கறி குத்தின குச்சி கண்ணாடிப் பெட்டியில அடுக்கியிருக்கும், நீங்க கேட்டப்புறம்தான் அடுப்புல ஏறணும். ஏற்கனவே வாட்டி குவிச்சு வெச்சு, ஆள் வந்தா சூடு காட்டி தர்ற கடைன்னா அடுத்த கடைக்கு நடங்க. கூட்டம் இருக்கா, பார்சல் வாங்க பைக்ல வந்து நிக்கிறாங்களா, அது நல்ல அறிகுறி. நல்ல கடையில தேங்கா ஓட்டுக் கரி போடுவாங்க, அந்த வாசனையே தனி.

தள்ளுவண்டியில தெருத்தெருவா "தேஏஏ… சத்தேஏஏ"ன்னு கூவிட்டு வர்றவங்களும் உண்டு. ஒபாமா 1967-லருந்து 1971 வரைக்கும் சின்னப் பையனா ஜகார்த்தாவுல இருந்தாருல்ல, 2010-ல ஜனாதிபதியா இந்தோனேசியா பல்கலைக்கழகத்துல பேச வந்தப்போ இந்தக் கூவல மேடையிலயே செஞ்சு காட்டினாரு, அரங்கமே சிரிச்சுது.

ஸ்டெப் 3: ஆர்டர் பண்றது

கடைக்காரர "பாங்"ன்னு கூப்பிடுங்க, அது ஜகார்த்தா பக்கம். ஜாவா ஊர்கள்னா "மாஸ்". வயசானவர்னா "பாக்", வயசான அம்மான்னா "பு". பேர் தெரியணும்னு அவசியமே இல்ல, நம்ம ஊர்ல அண்ணேன்னு கூப்பிடுற மாதிரிதான்.

அப்புறம் ஒரே வரி: "சாத்தே ஆயாம், செபுலு துசுக், பாகாய் லொந்தோங்." கோழி சாத்தே, பத்து குச்சி, லொந்தோங்கோட. பத்து குச்சிதான் அங்க வழக்கமா ஒரு ப்ளேட், கறி கட்டைவிரல் நகம் சைஸுக்குதான் இருக்கும், பத்தான்னு பயப்படாதீங்க. லொந்தோங்ங்கிறது வாழை இலையில சுத்தி அவிச்ச அரிசிக் கட்டி, வெட்டி சாஸ்ல போட்டு தருவாங்க, அத விட்டுட்டு வெறும் கறிய தின்னா பாதி சாப்பாடுதான். காரம் வேணாம்னா "ஜாங்ஙான் பெடாஸ்". சாஸ் தனியா வேணும்னா "பும்பு திப்பிசா". பார்சல்னா "புங்குஸ்".

கடலை அலர்ஜி உள்ளவங்க சாஸ் தனியா கேட்டு தப்பிச்சிடலாம்னு நினைக்காதீங்க, வாட்டும்போதே கடலைய தடவுறாங்க, அதனால மதுரா கடை பக்கமே போகவேணாம்.

ஸ்டெப் 4: உக்காராம நின்னு வேடிக்கை பாருங்க

இத மிஸ் பண்ணாதீங்க. நீளமா குறுகலா ஒரு தகர அடுப்பு, குச்சியோட பிடி மட்டும் வெளிய நீட்டிட்டு இருக்கும், பத்து குச்சியையும் ஒரு கொத்தா பிடிச்சு திருப்புவாரு. ஒரு கையில மூங்கில் விசிறி, அது நிக்கவே நிக்காது. பாதி வெந்ததும் கொத்த அப்படியே எடுத்து கெச்சாப் மானிஸும் (தக்காளி கெச்சப் இல்ல, இனிப்பு சோயா சாஸ்) எண்ணெயும் கொஞ்சம் கடலை விழுதும் கலந்த தட்டுல புரட்டி திரும்ப அடுப்புல போடுவாரு பாருங்க, சொட்டு கரியில விழுந்து குப்புன்னு தீ எழும்பும், புகை மூஞ்சில அடிக்கும், அந்த இனிப்பு சோயா சாஸ் கருகி ஓரத்துல மட்டும் கறுப்பா பளபளன்னு ஒட்டிக்கும். ருசி அந்த ஓரத்துலதான் இருக்கு. அப்புறம் ப்ளேட்ல வறுத்து அரைச்ச கடலை சாஸ், மேல ஒரு சுத்து கெச்சாப், பொடியா நறுக்கின சின்ன வெங்காயம், ஒரு துண்டு எலுமிச்சை.

கோழிங்கிறதால உள்ள வெந்திருக்கான்னு முதல் துண்ட கடிச்சு பாத்துக்கங்க. பச்சையா தெரிஞ்சா திருப்பிக் குடுங்க, கோவிச்சுக்க மாட்டாங்க.

ஸ்டெப் 5: சாப்பிடுறது

குச்சிய குறுக்க பிடிச்சு பல்லால பக்கவாட்டுல இழுங்க, நேரா வாய்க்குள்ள விட்டா முனை தொண்டைய குத்தும். இல்லன்னா ஸ்பூனால தள்ளி ப்ளேட்ல எறக்கிட்டு லொந்தோங்கோட சேத்து சாப்பிடலாம், யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க. எலுமிச்சைய பிழிய மறக்காதீங்க, இல்லன்னா பாதியிலயே இனிப்பு திகட்டிரும், நம்ம நாக்குக்கு அந்த சாஸ் இனிப்பு கொஞ்சம் ஜாஸ்திதான். குடிக்க "எஸ் தே தாவார்", சர்க்கரை இல்லாத ஐஸ் டீ. சும்மா "எஸ் தே"ன்னா இனிப்பா வர வாய்ப்பு அதிகம்.

காசு குடுக்க "பெராபா?" கையில ரூபியா சில்லறை நோட்டு வெச்சுக்கங்க, அங்க எல்லாரும் போன்ல க்யூஆர் ஸ்கேன் பண்ணிட்டு போவாங்க, நம்ம கார்டு ரோட்டுக்கடையில வேலைக்காவாது.

ஸ்டெப் 6: அடுத்த ரவுண்டு

கோழி பழகிட்டா ஆட்டு சாத்தே. அதுக்கு பெரும்பாலும் கடலை சாஸ் கிடையாது, கெச்சாப்ல சின்ன வெங்காயம், தக்காளி, காந்தாரி மிளகா நறுக்கிப் போட்டது. நடுவுல கொழுப்புத் துண்டு சொருகியிருப்பாங்க, வேணாம்னா "டாகிங் செமுவா"ன்னா கறி மட்டும் வரும். ஆனா கொழுப்போட சாப்பிடுங்க, என் பேச்ச கேளுங்க.

அடுத்து மேற்கு சுமத்ராவோட சாத்தே படாங். மாட்டுக்கறி, மாட்டு நாக்கு, மசாலாவுல அவிச்சப்புறம் வாட்டுறது, அந்தக் குழம்புலயே அரிசிமாவு கரைச்சு கெட்டியாக்கி மேல ஊத்துவாங்க. மஞ்சள், மல்லி, இஞ்சி வாசனை, இனிப்பே இருக்காது, நம்மாளுங்களுக்கு முதல் வாயிலயே பிடிச்சுப்போற சாத்தே இதுதான். பாலியில மீன் விழுத தேங்காயோட பிசைஞ்சு குச்சிய சுத்தி பிடிக்கிற சாத்தே லிலித் இருக்கு, எனக்கு சுமார்தான்.

எனக்கு எல்லாத்துக்கும் மேல சாத்தே கிளாதாக். யோக்யகர்த்தாவுக்கு தெக்க பந்துல் பக்கம் இமோகிரி ரோட்டுல வரிசையா கடை இருக்கு. இள ஆட்டுக்கறி, பெரிய பெரிய துண்டு, உப்பு மட்டும்தான், சில கடையில மிளகு. குச்சி மூங்கில் இல்ல, சைக்கிள் சக்கரத்து ஸ்போக் கம்பி! இரும்பு சூட்ட உள்ள கடத்துறதால நடுக்கறியும் பதமா வேகும். ப்ளேட்டுக்கு ரெண்டு கம்பிதான், கூட ஒரு கிண்ணம் குலாய் குழம்பு. கம்பி கொதிக்கும், உதட்டுல பட்டுடாம கறிய எறக்கிட்டு சாப்பிடுங்க.

கெளம்புறதுக்கு முன்னாடி காலண்டர ஒரு தடவை பாத்துக்கங்க. ரமலான் மாசம் பகல்ல கடை தேடாதீங்க, ராத்திரி ஜேஜேன்னு இருக்கும். ஹஜ் பெருநாளுக்கு மதுராக்காரங்க கூட்டங்கூட்டமா சொந்தத் தீவுக்கு போயிடுவாங்க, அப்போ வழக்கமான கடைங்க நிறைய பூட்டிக் கிடக்கும். அந்த நேரத்துல உள்ளூர் ஃப்ரெண்டு யாராவது இருந்தா அவங்க வீட்டுக்கு போயிடுங்க, குர்பானி கறி வந்து வீட்டுக்கு வீடு வாசல்லயே சாத்தே வாட்டிட்டு இருப்பாங்க.