உங்கள் தெரு எந்த வார்டில் வருகிறது? சென்னையில் பகுதி எல்லையை அறிவதும் ஆட்சேபணை தெரிவிப்பதும்

நான் முன்பு குடியிருந்த தெருவின் நடுவே பாதாளச் சாக்கடை மூடி ஒன்று இருந்தது. ஒரு மழைக்காலத்தில் அது பொங்கி வழிந்தபோது, வடக்குச் சாரியில் இருந்தவர்கள் ஓர் அலுவலகத்திலும் தெற்குச் சாரியில் இருந்தவர்கள் வேறோர் அலுவலகத்திலும் புகார் கொடுத்தோம். இரண்டு இடத்திலும் ஒரே பதில்தான் கிடைத்தது: “அது எங்கள் வார்டில் வராது.” வார்டு எல்லை எங்கள் தெருவின் மையக்கோட்டில் செல்கிறது என்பதும், அந்த மூடி சரியாக அந்தக் கோட்டின் மேல் இருக்கிறது என்பதும் அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. நான்கு நாட்கள் கழித்துச் சாக்கடை சரியானது. அதற்குப் பிறகு எல்லை குறித்து நான் தேடித் தெரிந்துகொண்டவற்றை, அதே நிலையில் இருக்கும் பிறருக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். இதில் பெரும்பகுதி சென்னையைப் பற்றியது. தமிழ்நாட்டின் மற்ற மாநகராட்சிகளுக்கும் முறை ஏறத்தாழ இதுவே.

எந்த எல்லை என்பதை முதலில் தீர்மானியுங்கள்

ஒரு வீட்டின் மேல் குறைந்தது ஏழெட்டு எல்லைகள் படிந்திருக்கின்றன. மாநகராட்சி வார்டும் மண்டலமும் ஒன்று. வருவாய்த் துறையின் வட்டமும் கிராமமும் வேறொன்று. காவல் நிலைய எல்லை, சார்பதிவாளர் அலுவலக எல்லை, மின்வாரியப் பிரிவு, அஞ்சல் குறியீட்டு எண், சட்டமன்றத் தொகுதி ஆகிய ஒவ்வொன்றையும் வெவ்வேறு துறை, வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு தேவைக்காக வரைந்திருக்கிறது. இவற்றுக்கு அப்பால் மக்கள் வாயில் வழங்கும் ஊர்ப்பெயர் இருக்கிறது; அதற்கு எந்த அரசிதழிலும் எல்லை கிடையாது.

நான் பார்த்த எல்லைத் தகராறுகளில் பாதி, இவற்றில் ஒன்றை இன்னொன்றாக எண்ணிக்கொண்டதால் வந்தவை. தியாகராய நகர் 1920-களில் மாம்பலத்து ஏரிப் பரப்பைத் தூர்த்து உருவாக்கப்பட்டது. தண்டவாளத்துக்கு மேற்கே இருந்த பகுதி மேற்கு மாம்பலம் என்ற பெயரோடு நின்றது. இன்று அந்த வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் ரயில் பாதையைத்தான் எல்லையாகக் காட்டுவார்கள். தி. நகருக்கு அஞ்சல் எண் 600 017, மேற்கு மாம்பலத்துக்கு 600 033. ஆனால் ரயில் நிலையத்தின் பெயர் மாம்பலம் என்றுதான் இருக்கிறது. மாநகராட்சிக் கணக்கில் இரண்டும் பெரும்பாலும் ஒரே மண்டலத்துக்குள் அடங்குகின்றன. ஆகவே, “நாங்கள் தி. நகரா, மாம்பலமா” என்ற கேள்விக்கு அஞ்சல்காரர் ஒரு பதிலும் மாமன்ற உறுப்பினர் வேறொரு பதிலும் சொன்னால், இருவரும் சரியாகவே சொல்கிறார்கள்.

அடுக்குமாடி விளம்பரங்களில் வரும் ஊர்ப்பெயரை இந்தக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். விலை கூடிய பகுதியின் பெயர் பக்கத்து ஊர்களின் மேல் மெல்லப் பரவுவது இந்த நகரத்தில் வழக்கமாகிவிட்டது. வீடு வாங்கும்போது பத்திரத்தில் எந்தக் கிராமம், எந்த சர்வே எண் என்று பாருங்கள்; வழிகாட்டி மதிப்பைப் பதிவுத்துறை தெருவாரியாகவும் சர்வே எண்வாரியாகவும் நிர்ணயிக்கிறதே தவிர, விளம்பரப் பெயரைக் கொண்டு அல்ல.

எந்த எல்லைக்காக உழைக்கலாம் என்று கேட்டால், வார்டு எல்லைக்காக என்பதுதான் என் பதில். குப்பை, தெருவிளக்கு, மழைநீர் வடிகால், மாமன்ற உறுப்பினரின் மேம்பாட்டு நிதி ஆகிய நான்கும் அந்தக் கோட்டைப் பொறுத்தே உங்கள் வாசலுக்கு வருகின்றன. மற்ற எல்லைகளில் ஏற்படும் தொல்லைகளுக்குப் பெரும்பாலும் சட்டத்திலேயே வழி இருக்கிறது. எடுத்துக்காட்டாக, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவின்படி, பிடியாணை இன்றிக் கைது செய்தற்குரிய குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலை எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம்; “எங்கள் சரகம் இல்லை” என்று திருப்பி அனுப்ப முடியாது.

வார்டுகள் எப்படி வரையப்படுகின்றன

சென்னை மாநகராட்சி 1688-இல் தொடங்கியது. 2011-இல் 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் என 42 உள்ளாட்சி அமைப்புகள் அதனோடு இணைக்கப்பட்டன. பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. 155 வார்டுகள் 200 ஆயின. இந்த வார்டு எண்ணிக்கைதான் கவனிக்கத்தக்கது. பழைய நகரின் 155 வார்டுகள் 107 ஆகச் சுருக்கப்பட்டன. புதிதாகச் சேர்ந்த பகுதிகளுக்கு 93 கிடைத்தன. 2011 மக்கள்தொகைக் கணக்கைக் கொண்டு வகுத்துப் பார்த்தால், பழைய பகுதியில் சராசரியாக ஒரு வார்டுக்கு 43 ஆயிரத்துக்கு மேற்பட்டோரும், இணைந்த பகுதியில் 22 ஆயிரத்துக்கும் குறைவானோரும் வந்தார்கள். மயிலாப்பூரிலோ தண்டையார்பேட்டையிலோ இருந்த ஒருவருடைய வாக்கின் எடை, இணைந்த பகுதியினருடையதில் ஏறத்தாழ பாதிதான் என்று அன்று எழுந்த குரலில் நியாயம் இருந்தது. அதேவேளையில், புதிதாகச் சேர்ந்த பகுதிகளில் சாலையும் வடிகாலும் இல்லாத பரப்பு மிகப் பெரிது என்ற எதிர்வாதத்தையும் தள்ளிவிட முடியாது. மக்கள்தொகையா, பரப்பா என்ற இந்தப் போட்டி, வார்டு எல்லைகளைத் திருத்தி வரையும் ஒவ்வொரு மறுவரையறையிலும் திரும்பத் திரும்ப வரும்.

2017-இல் இயற்றப்பட்ட சட்டத்தின் மூலம் மாநிலத் தேர்தல் ஆணையரைத் தலைவராகக் கொண்டு மறுவரையறை ஆணையம் அமைந்தது. அவ்வாண்டு டிசம்பரில் வரைவு வெளியிடப்பட்டு, மக்களிடம் ஆட்சேபணை கேட்கப்பட்டது. கையில் எடுத்துக்கொண்ட மக்கள்தொகை 2011-ஆம் ஆண்டினுடையது. இந்தக் கணக்கின் மிகச் சிறிய அலகு கணக்கெடுப்புத் தொகுதி. ஒரு தொகுதியில் சுமார் 650 முதல் 800 பேர் இருப்பார்கள். இந்தத் தொகுதிகளை ஒன்றோடொன்று சேர்த்தே வார்டு உருவாகிறது. எனவே, “எங்கள் நான்கு வீடுகளை மட்டும் அந்தப் பக்கம் மாற்றுங்கள்” என்ற மனு ஏன் தோற்கிறது என்பதும், “இந்தத் தொகுதியை முழுவதுமாக மாற்றுங்கள்” என்ற மனு ஏன் பரிசீலிக்கப்படுகிறது என்பதும் இதிலிருந்து விளங்கும்.

ஆவணங்களைத் திரட்டி, எல்லையை நடந்து பாருங்கள்

சொத்துவரி ரசீதில் இருக்கும் எண்ணில் மண்டலமும் வார்டும் முதலில் வரும். அதை ஒரு தொடக்கமாக மட்டும் கொள்ளுங்கள். மறுவரையறைக்கு முந்தைய எண் அப்படியே தொடர்ந்துகொண்டிருக்கலாம். வாக்காளர் பட்டியலின் பாகம் எண்ணைக் குறித்துக்கொண்டு, மாநிலத் தேர்தல் ஆணையத்தின் வார்டுவாரிப் பட்டியலோடு ஒப்பிடுவது இதைவிட உறுதியானது. பட்டாவிலும் நகர நில அளவைப் பதிவேட்டிலும் ‘வார்டு’, ‘பிளாக்’ என்ற சொற்கள் வரும். அந்த வார்டு நில அளவைக்கான வார்டு. மாமன்ற வார்டு அல்ல. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்ட மனுக்களை நானே படித்திருக்கிறேன்.

அடிப்படை ஆவணம் அரசிதழ் அறிவிக்கைதான். அதில் ஒவ்வொரு வார்டுக்கும் வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என எல்லை விவரிக்கப்பட்டிருக்கும். பத்திர எழுத்தர்கள் இதைச் செக்குபந்தி என்பார்கள். பத்திர நடையில் “இன்ன தெருவுக்குத் தெற்கு” என்று இருந்தால், அந்த இடம் தெருவுக்குத் தெற்கே இருக்கிறது, அதாவது தெரு அதற்கு வடக்கெல்லை என்று பொருள். பழக்கமில்லாதவர்கள் இதைத் தலைகீழாகப் படித்துவிடுவார்கள்.

அறிவிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு எல்லையை நடந்தே பாருங்கள். சோழர் காலச் செப்பேடுகளில் ஒரு நிலத்தைக் கொடுக்கும்போது பெண் யானையை எல்லை சுற்றி நடக்கவிட்டு, கல்லும் கள்ளியும் நாட்டியதாகச் சொல்லப்படும். அதை ஊரார் கூடநின்று பார்த்தார்கள். எல்லை என்பது பலர் காண நடந்து உறுதிசெய்யப்பட வேண்டியது என்ற அந்தப் பழைய அறிவு இன்றும் பொருந்துகிறது. ஆகவே தனியாகப் போகாதீர்கள். நீண்டகாலமாகக் குடியிருக்கும் பெரியவர் ஒருவரையும் எல்லைக்கு அந்தப் பக்கத்தில் இருப்பவர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

நடக்கும்போது மூன்று வகைச் சிக்கல்கள் தென்படும். முதலாவது பெயர். தெருப்பெயர்களிலிருந்து சாதிப்பெயர்களை நீக்க 1970-களின் இறுதியில் அரசு உத்தரவிட்டது. ஆனாலும் பத்திரத்தில் ஒரு பெயரும் பலகையில் ஒரு பெயரும் மக்கள் வாயில் ஒரு பெயருமாக இன்னும் வழங்குகின்றன. இரண்டாவது கதவு எண். பழைய எண், புதிய எண் என்று சென்னை வீடுகளுக்கு இரண்டு எண்கள் உண்டு. அறிவிக்கையில் “12 முதல் 40 வரை” என்று இருந்தால் எந்த 12 என்று கேட்டே ஆக வேண்டும். மூன்றாவது, எல்லை தெருவின் மையத்தில் செல்வது. ஆறு, கால்வாய், ரயில் பாதை ஆகியவை நல்ல எல்லைகள், ஏனெனில் அவற்றை யாரும் அன்றாடம் பத்து முறை கடப்பதில்லை. கூவமோ பக்கிங்காம் கால்வாயோ எல்லையாக இருந்தால் சச்சரவு குறைவு. குறுகிய தெருவின் மையக்கோடு அப்படியல்ல. ஒரே குப்பைத்தொட்டிக்கு இரண்டு பொறுப்பாளர்கள் என்றால், அதற்குப் பொறுப்பாளரே இல்லை என்றுதான் ஆகிவிடுகிறது.

அறிவிக்கை நகலோ, உங்கள் வார்டில் அடங்கும் கணக்கெடுப்புத் தொகுதிகளின் பட்டியலோ கிடைக்காவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். எந்த அலுவலகம் என்று தெரியாவிட்டாலும் தயங்க வேண்டாம். தவறான அலுவலகத்துக்குப் போன மனுவை ஐந்து நாட்களுக்குள் உரிய இடத்துக்கு மாற்ற வேண்டும் என்று 6(3) பிரிவு சொல்கிறது.

மனுவை எழுதும் முறை

வரைவு வெளிவந்த பிறகு ஆட்சேபணைக்குக் கிடைக்கும் காலம் குறுகியது. அதைத் தவறவிட்டால் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று எண்ணியிருக்க வேண்டாம். வார்டு மறுவரையறைச் சட்டங்களின் செல்லுபடியை நீதிமன்றத்தில் கேள்விக்கு உட்படுத்துவதை அரசியலமைப்பின் 243-இசட்ஜி உறுப்பு தடுக்கிறது. ஆகவே மனுவுக்கான ஆதாரங்கள் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். ஒரு மனுவில் ஒரே கோரிக்கை இருக்கட்டும். அதன் மையப் பத்தி ஏறத்தாழ இப்படி அமையலாம்:

“வரைவு அறிவிக்கையில் … ஆம் வார்டின் தெற்கெல்லையாக … தெருவின் மையக்கோடு குறிக்கப்பட்டுள்ளது. இதனால் இத்தெருவின் வடக்குச் சாரியிலுள்ள … வீடுகளும் தெற்குச் சாரியிலுள்ள … வீடுகளும் வெவ்வேறு வார்டுகளில் அமைகின்றன. தெற்கெல்லையை … கால்வாய் வரை நகர்த்தி, கணக்கெடுப்புத் தொகுதி எண் … ஐ முழுமையாக … ஆம் வார்டில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். இதனால் மாறும் மக்கள்தொகை … பேர். மாற்றத்துக்குப் பின் இரு வார்டுகளின் மக்கள்தொகை முறையே …, … ஆக இருக்கும்.”

கடைசி இரண்டு வாக்கியங்களைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். ஒரு கோட்டை நகர்த்தினால் இரு பக்கமும் மாறும். அந்தக் கணக்கை நீங்களே போட்டுக் கொடுத்தால், அலுவலர் மனுவை ஒதுக்கிவைக்கக் காரணம் குறையும். கையால் வரைந்த வரைபடம் போதும். பழைய கோட்டை ஒரு நிறத்திலும் கேட்கும் கோட்டை வேறு நிறத்திலும் காட்டுங்கள். நேரில் கொடுத்தால் ஒப்புகை வாங்குங்கள். இல்லையென்றால் விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

கையெழுத்து வாங்கப் போவதற்கு முன், எதிர்ப்பக்கத்துத் தெருவினரோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். அவர்கள் வேறு மனு போட்டால் இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும், கோடு இருந்த இடத்திலேயே இருந்துவிடும். இங்கே நான் வெளிப்படையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருக்கும் குப்பத்தையோ வாரியக் குடியிருப்பையோ தம் வார்டிலிருந்து நீக்கச் சொல்லி, ‘பகுதியின் தன்மை’ என்ற பெயரில் சில நலச்சங்கங்கள் கையெழுத்து திரட்டுகின்றன. அதில் சேராதீர்கள். உங்கள் தெருவில் வீட்டு வேலை செய்பவரும் காய்கறி விற்பவரும் அங்கேதான் வசிக்கிறார்கள். உங்களுக்கு வேண்டிய அதே வடிகால்தான் அவர்களுக்கும் வேண்டும். நலச்சங்கத்தில் உறுப்பினராக இல்லாத அவர்களிடமும் மனுவைப் படித்துக்காட்டி, ஒப்புக்கொண்டால் கையெழுத்து வாங்குங்கள்.

இப்போது செய்யக்கூடியவை

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027-இல் நடக்கவிருப்பதால், நிர்வாக எல்லை மாற்றங்களை 2025 டிசம்பர் 31-க்குள் முடித்துக்கொள்ளும்படி மாநிலங்களுக்குச் சொல்லப்பட்டது. கணக்கெடுப்பு முடியும்வரை கோடுகள் அசையப்போவதில்லை. அடுத்த மறுவரையறைக்குத் தயாராக இந்த இடைவெளி போதுமானது. கணக்கெடுப்பாளர் வரும்போது உங்கள் தெருவில் பூட்டிய வீடுகள், மாடிக் குடித்தனங்கள், பின்கட்டுக் குடியிருப்புகள் எதுவும் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணப்படாதவர் வார்டு கணக்கில் இல்லாதவர்.

கோடு மாறாவிட்டாலும் அதன் தொல்லையைக் குறைக்க வழி உண்டு. 2022-ஆம் ஆண்டின் விதிகளின்படி வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் அமைக்கப்பட்டுள்ளன. எல்லைத் தெருவின் இரு சாரியினரும் தத்தம் பகுதி சபையில் ஒரே வாசகத்தோடு ஒரே கோரிக்கையை வைத்து, எந்த வேலையை எந்த வார்டு பார்ப்பது என்று எழுத்துப்பூர்வமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். எங்கள் தெருவில் வடிகாலை ஒரு வார்டும் விளக்குகளை மற்றொரு வார்டும் கவனிப்பது என்று இப்படித்தான் முடிவாயிற்று. அந்தப் பதிவின் நகல், அறிவிக்கை, நடந்து வரைந்த படம், தகவல் உரிமைச் சட்டப் பதில்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேர்த்து, சங்கச் செயலாளர் மாறும்போது புதியவரிடம் கையெழுத்து வாங்கி ஒப்படையுங்கள்.