பத்து நிமிடத்தில் ஒரு பக்கம்: கையால் தைத்த நோட்டில் தினமும் வரையப் பழகும் முறை

பத்து நிமிடம் உட்கார்ந்து எதையாவது வரையலாம் என்று நினைத்தால், பென்சிலைத் தேடிச் சீவுவதிலும், மேசைமேல் கிடக்கும் மின்கட்டண ரசீதுகளையும் பிள்ளைகளின் பாடப்புத்தகங்களையும் ஒதுக்கி இடம் பண்ணுவதிலும், கடைசியில் எதைத்தான் வரைவது என்று யோசிப்பதிலுமாக அரை மணி நேரம் கழிந்துவிடுகிறது. அதற்குள் அடுத்த வேலை வந்து நிற்கும். ஆகவே வரைவதற்கு நேரம் வேண்டுமென்று விரும்புபவர், நாளில் ஒரு மணி நேரத்தைத் தேடி அலைவதைவிட, இந்த முன்வேலைகளை ஒரே நாளில் முடித்து வைத்துவிடுவது நல்லது. கீழே உள்ள முறை அதைத்தான் செய்கிறது. ஒரு விடுமுறை நாளில் கைப்பையில் அடங்கும் சிறிய நோட்டு ஒன்றைக் கையாலேயே தைத்துக்கொண்டு, அடுத்த ஒரு மாதத்துக்கு நாளுக்கு ஒரு பக்கம் வரைவது என்பதே திட்டம். இதுவரை வரைந்தே பழகாதவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

படி 1: பொருள்களைச் சேர்த்தல்

ஏ4 அளவுத் தாள் 4 போதும். 100 முதல் 130 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) கனமுள்ள தாள் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் ஜெராக்ஸ் கடைத் தாளிலேயே தொடங்கலாம், பேனாக் கோடு பின்பக்கத்தில் சற்றுத் தெரியும் என்பதைத் தவிர வேறு குறையில்லை. மேலட்டைக்குப் பழைய கல்யாணப் பத்திரிகையையோ மாதக் காலண்டரின் தடித்த தாளையோ எடுத்துக்கொள்ளுங்கள். பத்திரிகை என்றால் மஞ்சள் தடவிய மூலை வெளியே தெரியும்படி வைத்து வெட்டினால் அழகாகவே இருக்கும். இவற்றோடு ஒரு தையல் ஊசி, குத்துவதற்குக் கனத்த கோணி ஊசி, எம்பிராய்டரி நூல், ஒரு மெழுகுவர்த்தித் துண்டு, அளவுகோல், வெட்டுக்கத்தி ஆகியவை வேண்டும்.

வரைவதற்கு ஒரு 2பி பென்சில், ஒரு சாதாரண பால்பாயிண்ட் பேனா ஆகிய இரண்டு மட்டும் போதும். பென்சிலின் உள்ளே இருப்பது கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்து சுட்ட குச்சி; களிமண் கூடினால் கோடு வெளிறிக் கடினமாகும், கிராஃபைட் கூடினால் கருத்து மென்மையாகும். 1795-இல் பிரான்ஸில் நிக்கோலா ஜாக் கோன்டே காப்புரிமை பெற்ற இந்தக் கலவை முறையிலிருந்து வந்தவையே இன்றைய எச் (கடினம்), பி (கருமை) வரிசைகள். தொடக்கத்தில் 12 பென்சில்கள் கொண்ட பெட்டியை வாங்குபவர், எதை எடுப்பது என்று யோசிப்பதிலேயே தன் பத்து நிமிடத்தைச் செலவழிப்பார். அழிப்பான் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கையில் அழிப்பான் இருந்தால், ஒரே கோட்டைப் போட்டு அழித்து, போட்டு அழித்து, அன்றைய நேரம் முழுவதையும் தாளின் ஒரு மூலையிலேயே கரைத்துவிடுவோம்.

படி 2: நோட்டைத் தைத்தல்

ஏ4 தாள்கள் நான்கையும் குறுக்கே சரிபாதியாக வெட்டினால் ஏ5 அளவில் எட்டுத் தாள்கள் கிடைக்கும். ஒவ்வொன்றையும் மீண்டும் நடுவில் மடித்தால் 105 மி.மீ. அகலமும் 148 மி.மீ. உயரமும் கொண்ட ஏ6 அளவு வரும். மடிப்பை விரலால் அழுத்துவது போதாது. எவர்சில்வர் கரண்டியின் காம்பை வைத்து ஒருமுறை அழுத்தி இழுத்தால் மடிப்பு கூர்மையாக விழும். எல்லாத் தாள்களையும் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினால் 16 ஏடுகள், அதாவது 32 பக்கங்கள் ஆகின்றன. ஒரு மாதத்துக்குச் சரியாக இருக்கும். மேலட்டையையும் மடிக்கும் முன் இருந்த ஏ5 அளவில், அகலத்தில் மட்டும் சில மில்லிமீட்டர் கூடுதலாக வெட்டி மடித்து வெளியே போர்த்துங்கள்.

இப்போது நோட்டை நடுப்பக்கத்தில் விரித்து, மடிப்புக் கோட்டின்மேல் மூன்று புள்ளிகள் வையுங்கள். ஒன்று சரியாக நடுவில், அதாவது 74 மி.மீ. உயரத்தில், மற்ற இரண்டும் மேல் ஓரத்திலிருந்தும் கீழ் ஓரத்திலிருந்தும் 2 செ.மீ. தள்ளி. அடியில் பழைய செய்தித்தாள் கட்டு ஒன்றை வைத்து, கோணி ஊசியால் மேலட்டை வரை துளைத்துவிடுங்கள். தாள்கள் நகராமலிருக்க ஓரத்தில் துணி கிளிப் போட்டுக்கொள்வது நல்லது. பெரும்பாலும் இந்த இடத்தில்தான் துளை மடிப்பை விட்டு விலகி, நோட்டு கோணிக்கொள்கிறது.

எம்பிராய்டரி நூல் ஆறு இழைகளைக் கொண்டது. அதில் மூன்று இழைகளைப் பிரித்து, நோட்டின் உயரத்தைப் போல மூன்று மடங்கு, அதாவது சுமார் 45 செ.மீ. நீளம் எடுத்துக்கொண்டு, மெழுகுவர்த்தியின் மேல் இரண்டு முறை இழுங்கள். மெழுகு ஏறிய நூல் சிக்காது, முடிச்சும் நழுவாது. ஊசியை உள்பக்கத்திலிருந்து நடுத்துளை வழியாக வெளியே எடுங்கள். நூலின் வால் ஒரு விரல் நீளம் உள்ளே தொங்கட்டும். வெளியே வந்த ஊசியை மேல்துளை வழியாக உள்ளே விடுங்கள். உள்ளே வந்ததும் நடுத்துளையைத் தாண்டி நேராகக் கீழ்த்துளைக்குக் கொண்டுபோய் வெளியே எடுங்கள். கடைசியாக வெளியிலிருந்து நடுத்துளை வழியாக மீண்டும் உள்ளே வாருங்கள். இப்போது நடுவில் நீளமாக ஓடும் நூலுக்கு ஒரு பக்கம் வாலும் மறுபக்கம் ஊசி முனையும் இருக்க வேண்டும். இரண்டையும் தாளுக்கு இணையாக இழுத்து இறுக்கி, அந்த நீள நூலைச் சுற்றி இரட்டை முடிச்சுப் போட்டால் வேலை முடிந்தது. நூலைத் தாளுக்குச் செங்குத்தாக மேல்நோக்கி இழுத்தால் துளை கிழிந்துவிடும்.

மூடிப் பார்த்தால் நடு ஏடுகள் மட்டும் ஓரத்தில் சற்றுத் துருத்திக்கொண்டிருக்கும். தாளின் தடிமனால் வரும் இயல்பு அது. விரும்பினால் அளவுகோல் வைத்துச் சீராக வெட்டலாம். நான் அப்படியே விட்டுவிடுவேன். கடையில் வாங்கிய விலையுயர்ந்த ஸ்கெட்ச் புத்தகத்தின் முதல் பக்கத்தில் கோடு போடக் கை கூசும். நாமே தைத்த, ஓரம் சீரில்லாத நோட்டில் அந்தக் கூச்சம் வருவதில்லை.

படி 3: நாளில் ஒரு காத்திருப்பைப் பிடித்தல்

எல்லோருடைய நாளிலும் வேறு வேலை செய்ய முடியாத காத்திருப்புகள் சில இருக்கின்றன. குக்கர் விசில் அடித்து அடுப்பை அணைத்த பிறகு ஆவி அடங்கும் வரையுள்ள நேரம், ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறங்கும் நேரம், டியூஷன் வாசலில் பிள்ளைக்காக நிற்கும் நேரம், அலுவலகத்தில் சாப்பிட்டு முடித்து மீண்டும் இருக்கைக்குப் போகும் முன் மீதமிருக்கும் நேரம் ஆகியவை பெரும்பாலும் பத்து நிமிடத்தை ஒட்டியே வருகின்றன. இவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, அந்தக் காத்திருப்பு நடக்கும் இடத்திலேயே நோட்டை வையுங்கள். டிகாக்‌ஷன் நேரம் என்றால் நோட்டும் பேனாவும் காபிப்பொடி டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். படுக்கையறை அலமாரிக்குள் இருந்தால் எடுத்து வருவதற்குள் கை ஃபோனுக்குப் போய்விடும்.

அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து வரையுங்கள் என்ற அறிவுரையை நான் தரமாட்டேன். சமையலும் பிள்ளைகளும் வயதானவர்களின் மருந்து வேளைகளும் ஒருவர் தலையிலேயே விழுந்திருக்கும் வீட்டில், அவருடைய தூக்கத்திலிருந்து எடுக்கும் நேரம் அதிக நாள் ஓடாது. அத்தகைய வீட்டில் மாலையில் பதினைந்து நிமிடம் வேறொருவர் அடுப்பைப் பார்த்துக்கொள்வதே சரியான ஏற்பாடு. அதை வெளிப்படையாகக் கேட்டுப் பெற வேண்டும்.

படி 4: ஒரு வாரத்துக்கு எதை வரைவது என்று முன்பே எழுதிவைத்தல்

நோட்டின் பின்னட்டை உள்பக்கத்தில் ஏழு பொருள்களை எழுதிக்கொள்ளுங்கள். முதல் வாரத்துக்கு அசையாத, கைக்கெட்டும் பொருள்கள் போதும்: பூட்டும் சாவியும், வெங்காயம், டம்ளர், மடக்கிய குடை, ஒற்றைச் செருப்பு, துணி கிளிப், தேங்காய் மூடி. எழுதிவைத்த பிறகு மாற்றக் கூடாது. இன்றைக்குச் செருப்பு என்றால் செருப்புதான்.

படி 5: வரையும் பத்து நிமிடம்

டம்ளரை எடுத்துக்கொள்வோம். முதல் இரண்டு நிமிடம் தாளைப் பார்க்கவே வேண்டாம். டம்ளரின் விளிம்பில் ஓர் இடத்தைப் பிடித்து, பார்வை எந்த வேகத்தில் ஓரமாக நகர்கிறதோ அதே வேகத்தில் பேனாவையும் நகர்த்துங்கள். வரும் படம் கோணல்மாணலாகவே இருக்கும், இருக்கட்டும். டம்ளர் இப்படித்தான் இருக்கும் என்று மனத்தில் பதிந்த வடிவத்தை வரையாமல், எதிரே இருப்பதைப் பார்க்கக் கண்ணைப் பழக்குவதற்கான பயிற்சி இது. பக்கத்தின் ஒரு மூலையில் சிறிதாகச் செய்தால் போதும்.

அடுத்த ஐந்து நிமிடம் உருவத்துக்கு. பேனாவைக் கையை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, டம்ளரின் அகலம் அதன் உயரத்தில் எத்தனை பங்கு என்று பேனாவிலேயே விரல் வைத்து அளந்து பாருங்கள். நடுவில் ஒரு மெல்லிய நேர்கோடு போட்டு, அதன் மேல்முனையில் வாயை நீள்வட்டமாக வரையுங்கள். பெரும்பாலோர் சறுக்குவது அடிப்பாகத்தில்தான். டம்ளர் மேசைமேல் தட்டையாக நிற்பதை அறிந்திருப்பதால், கீழே ஒரு நேர்கோட்டைப் போட்டு முடித்துவிடுகிறார்கள். மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு அடியும் ஒரு வளைவுதான். கண் மட்டத்திலிருந்து அதிகம் கீழே இருப்பதால், அந்த வளைவு வாயின் வளைவைவிடச் சற்று அதிகமாக உருண்டு தெரியும். இதை ஒருமுறை சரியாகப் பார்த்துவிட்டால் குடம், வாளி, டபரா, உரல் எல்லாம் வசப்படும்.

மீதமுள்ள நேரம் நிழலுக்கு. எவர்சில்வரில் ஒளி மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாக விழும். மிகக் கருத்த பட்டை பெரும்பாலும் மிக வெளிச்சமான பட்டையை ஒட்டியே இருக்கும். கண்ணை இடுக்கிப் பார்த்தால் சின்னப் பிரதிபலிப்புகள் மறைந்து இரண்டு மூன்று பட்டைகள் மட்டும் நிற்கும். அவற்றை மட்டும் இணைகோடுகளால் நிரப்புங்கள். பால்பாயிண்ட் பேனாவை லேசாக ஓட்டினால் சாம்பல் நிறமும் அழுத்தினால் கருமையும் வருவதால், இதற்குப் பென்சிலைவிட அது தோதானது. தினமும் வாசலில் கோலம் போடுபவர்கள் இந்த இடத்தில் மற்றவர்களைவிட முந்திவிடுவார்கள். சிக்குக்கோலத்தில் புள்ளியைச் சுற்றித் தயங்காமல் இழுக்கப் பழகிய கைக்குப் பேனாவிலும் கோடு நடுங்குவதில்லை.

நேரம் முடிந்ததும் பாதியில் நின்றாலும் நிறுத்திவிட்டு, பக்கத்தின் அடியில் தேதி, இடம், நேரம் மூன்றையும் எழுதுங்கள். சியாட்டில் நகரப் பத்திரிகையாளர் கேப்ரியல் கம்பனாரியோ 2007-இல் தொடங்கிய, நேரில் பார்க்கும் இடத்தை அங்கேயே இருந்து வரையும் ‘அர்பன் ஸ்கெட்சர்ஸ்’ குழுவினர், தங்கள் படங்களை ஓர் இடத்தின், ஒரு நேரத்தின் பதிவு என்றே சொல்லிக்கொள்கிறார்கள். நமக்கு இந்தக் குறிப்பால் இன்னொரு பயனும் உண்டு. மாதக் கடைசியில் புரட்டும்போது எந்த வேளையில் போட்ட பக்கங்கள் நிறைந்திருக்கின்றன, எந்த வேளை தொடர்ந்து தவறியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். அடுத்த மாதம் வேளையை மாற்றிக்கொள்ளலாம். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டு பக்கம் வரைந்து ஈடுகட்ட வேண்டாம். கடன் சேர்ந்தால் நோட்டைத் திறக்கவே மனம் வராது.

படி 6: பெரிய கைவேலையைத் துண்டாக்குதல்

வரைவதைப் பத்து நிமிடத்தில் அடக்கலாம். துணிப்பை தைப்பது, அட்டைப்பெட்டி செய்வது, எம்பிராய்டரி போன்றவற்றை அப்படி அடக்க முடியாது. அவற்றை அளந்து வெட்டுவது, மடிப்பது அல்லது ஒட்டுவது, தைப்பது, முடிப்பது என்று பிரித்து, ஓர் அமர்வில் ஒரு கட்டம் மட்டும் செய்யுங்கள். பசை காய வேண்டிய வேலைகளில் அதுவே இயல்பான நிறுத்தம். மாலையில் ஒட்டி, புத்தகங்களைப் பாரமாக ஏற்றி வைத்துவிட்டால் காலையில் அடுத்த கட்டத்துக்குத் தயாராக இருக்கும். பாதியில் நிற்கும் வேலையை ஒரு பழைய தாம்பாளத்தில் ஊசி, நூல், கத்தரிக்கோலோடு அப்படியே வைத்து அலமாரி மேல் தூக்கி வைத்துவிடலாம். சாப்பாட்டு மேசை இரவு உணவுக்கு விடுபடும். மறுநாள் எதையும் தேட வேண்டியிருக்காது.

வரைவதையும் கைவேலையையும் ஒரே வேளைக்குள் திணிக்க வேண்டாம். 1966-இல் சென்னைக்கு அருகே ஈஞ்சம்பாக்கத்தில் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் தலைமையில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தவர்கள், பாத்திக் (மெழுகு பூசிச் சாயமேற்றும் துணி) போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்ற வருவாயில்தான் நிலம் வாங்கினார்கள். நாளில் ஒரு பகுதியைக் கைவினைக்கும் மறுபகுதியை ஓவியத்துக்கும் கொடுத்தார்கள். அவர்களுக்கு அது பிழைப்பு, நமக்குப் பொழுதுபோக்கு என்றாலும் அந்தப் பிரிப்பு நமக்கும் ஒத்துவருகிறது: தினமும் காத்திருப்பு வேளையில் நோட்டு, வேறொரு வேளையில் தாம்பாளம்.

படி 7: அடுத்த நோட்டு

நான்கு ஏடுகள் மீதமிருக்கும்போதே அடுத்த நோட்டைத் தைத்துவிடுங்கள். முழுதும் தீர்ந்த பிறகு தைக்கலாம் என்று விட்டால் இடையில் ஒரு வாரம் போய்விடும். இரண்டாவது நோட்டில் நீர்வண்ணம் தீட்ட ஆசை வந்தால் தாளை மட்டும் மாற்றினால் போதும். 300 ஜி.எஸ்.எம். நீர்வண்ணத் தாள் தண்ணீரைத் தாங்கும். ஆனால் தடிமன் காரணமாக எட்டுத் தாள்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருக முடியாது. மடித்த தாள்கள் இரண்டு, மிஞ்சினால் மூன்று என்று வைத்து, அதே மூன்று துளைத் தையலைப் போடுங்கள். மடிக்கும் முன் அளவுகோலை வைத்து, கோணி ஊசியின் மழுங்கிய பக்கத்தால் மடிப்புக் கோட்டில் ஒரு தடம் இழுத்துக்கொண்டால் தாள் வெடிக்காமல் மடியும்.