வாட்டுக்குள் நாங்கள் விடுகிற பிழைகள்

பகல் பார்வையாளர் நேரத்துக்குக் கேற் திறந்தால் வாட்டுக்குள் முதலில் வருவது சோற்றுப் பார்சல் மணம். ஒட்டுசுட்டானில் இருந்தோ துணுக்காயில் இருந்தோ பஸ் மாறி வந்த சனம். கையில் நெஸ்டமோல்ட் பெட்டி, தோடம்பழம், சுடுதண்ணிப் போத்தல். வந்தவர் நேரே நோயாளியின் கட்டிலில் அமர்வார். செலைன் ஏறுகிற இடத்தை ஒருமுறை தடவி "நோகுதோ?" என்று கேட்பார். அதே கையால் பார்சலை அவிழ்த்துக் குழைத்து ஊட்டுவார். போகிற போக்கில் பக்கத்துக் கட்டில் ஐயாவின் தலையணையையும் சரிசெய்துவிட்டுப் போவார். அரை மணித்தியாலத்தில் அந்தக் கை எத்தனை இடம் போய்வந்தது என்று எண்ணிப் பாருங்கள்.

வன்னியில் பல வருடம் தாதியாக வேலை செய்தவள் நான். இந்தக் காட்சியைக் கண்டு எரிந்து விழுந்த நாட்களும் உண்டு. ஆனால் உள்ளதைச் சொன்னால், சனம் விட்ட பிழைகளைவிட வெள்ளை உடுப்புப் போட்ட நாங்கள் விட்டவைதான் கூட. நிலத்தில் அழுக்குக் கிடந்தால் யாரும் கூட்டுவார்கள். சுத்தமாய்த் தெரிகிற கையைக் கழுவ வேண்டும் என்றுதான் ஒருவருக்கும் தோன்றுவதில்லை. ஆஸ்பத்திரித் தொற்று பெரும்பாலும் அப்படித்தான் போகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கை ஒரு கணக்குச் சொல்கிறது. வாட்டில் தங்கிச் சிகிச்சை பெறும் 100 பேரில், பணக்கார நாடுகளில் 7 பேருக்கும், வருமானம் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் 15 பேருக்கும் வைத்தியசாலைக்குள்ளேயே குறைந்தது ஒரு தொற்றாவது பிடிக்கிறது. நாங்கள் இரண்டாவது கூட்டத்தில் இருக்கிறோம். காய்ச்சலுக்கு வந்தவர் புண்ணோடு வீட்டுக்குப் போவது இப்படித்தான்.

கையுறை யாருக்கு?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு இரவு. கையுறை போட்டு ஒரு ஐயாவின் சிறுநீர்க் குழாயில் பூட்டிய சலப்பையை வெறுமையாக்கினேன். அடுத்த கட்டிலில் இருந்த அம்மா கூப்பிட்டா. அப்படியே போய் அவவின் செலைன் ஓட்டத்தைச் சரிசெய்தேன். பிறகு மேசையில் பேனை எடுத்து எழுதினேன். போன் அடித்தது, எடுத்தேன். மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சிஸ்டர் சத்தம் போடவில்லை. "அந்தக் கையுறை ஆருக்குப் போட்டது, உமக்கோ அவைக்கோ?" என்று மட்டும் கேட்டா. எனக்கு முகம் சுருங்கிப் போனது. என் கை சுத்தமாக இருந்தது, உண்மை. மற்றவர்களுக்குத்தான் சலத்தைப் பூசிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

ஒரு ஆளுக்கு, ஒரு வேலைக்கு, ஒரு சோடி. முடிந்ததும் கழற்றி எறிந்துவிட்டுக் கையைக் கழுவ வேண்டும். கையுறையில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கலாம். கழற்றும்போதே வெளிப்பக்கம் கையில் படும். கையுறையைக் கழுவிவிட்டோ, அதன்மேல் ஸ்பிரிட் பூசிவிட்டோ அடுத்தவரிடம் போவதும் பிழைதான்.

எப்போது கழுவுவது? நோயாளியைத் தொடுமுன். ஊசி போடுவது, புண்ணுக்கு மருந்து கட்டுவது போன்ற வேலைகளுக்குமுன். இரத்தம், சலம், சளி பட்டிருக்கக்கூடிய வேலைக்குப் பின். நோயாளியைத் தொட்ட பின். ஐந்தாவது, அவரைச் சுற்றியுள்ள பொருட்களைத் தொட்ட பின். நாங்கள் எல்லாரும் கோட்டை விடுவது இந்த ஐந்தாவதில். "நான் ஆளைத் தொடேல்லையே, லொக்கரைத்தானே திறந்தனான்" என்போம். கட்டில் கம்பியிலும் லொக்கர் பிடியிலும் இருப்பது அந்த நோயாளியின் கிருமிகள்தான்.

சவர்க்காரம் போட்டென்றால் 40 முதல் 60 செக்கன். அல்கஹோல் திரவம் என்றால் 20 முதல் 30 செக்கன், கை காயும்வரை. பெருவிரலும் நகநுனிகளும்தான் வழக்கமாக விடுபடும். வயிற்றோட்டக்காரரைப் பார்த்த பிறகு அல்கஹோலை நம்ப வேண்டாம். அந்தக் கிருமிகளில் சில அதற்கு அசையாது, சவர்க்காரமும் ஓடுகிற தண்ணீரும் வேண்டும்.

எங்கள் பக்கத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்புத் தன்மை கூட. சவர்க்காரம் இலகுவில் நுரைக்காது. நுரை வரவில்லை என்று சிலர் இரண்டு தேய்ப்போடு விட்டுவிடுவார்கள். நுரைக்காகக் காத்திருக்க வேண்டாம், தேய்த்துக்கொண்டே இருங்கள். கோடையில் குழாயில் தண்ணீர் வராத நாளில் வாளியும் கோப்பையும் வரும். ஆளாளுக்குக் கையை வாளிக்குள் விட்டால் கழுவின கையும் கழுவாத கையும் ஒரே தண்ணீரில்தான். அடியில் குழாய் பூட்டிய வாளி ஒன்று இருந்தால் இந்தக் கரைச்சல் இல்லை.

அப்புறம் தொட்டிக்குப் பக்கத்தில் தொங்குகிற அந்தத் துவாய். காலையில் வெள்ளை, மத்தியானம் ஒரு நிறம், பின்னேரம் பிழிந்தால் தண்ணீர் வரும். வாட்டில் எல்லாரும் கழுவின கையை அதில்தான் துடைப்பார்கள். அதில் துடைப்பதைவிடக் கையை உதறிக் காய விடலாம். சவர்க்காரக் கட்டி தண்ணீர் தேங்கிய கோப்பையில் ஊறிக் கிடந்தாலும் இதே கதைதான்.

மணிக்கட்டு நூலைப் பற்றியும் சொல்ல வேண்டும், கோபிக்கக் கூடாது. பொங்கல், தேர் என்று கோயிலுக்குப் போய்வந்தால் ஐயர் ஒரு நூல் கட்டிவிடுவார். அது மாதக்கணக்கில் ஈரம் காயாமல் கையோடு கிடக்கும், நோயாளியின் புண்ணுக்கு மேலால் உரசிக்கொண்டும் போகும். மோதிரம், காப்பு, மணிக்கூடு, நீளக்கை எல்லாம் இதே கணக்கு. நான் என் நூலை முழங்கைக்கு மேலே கட்டிக்கொண்டேன். அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை.

மணந்தால் சுத்தமா?

டெற்றோல் மணம் வந்தால் வாட்டு சுத்தம் என்று நம்புகிறவர்கள் கனபேர். மணம் எதையும் கொல்லாது. குளோரின் கரைசலில் நடக்கிற பிழைகள் மூன்று. அழுக்கின் மேலேயே ஊற்றுவது முதலாவது. இரத்தமும் சளியும் குளோரினைத் தின்றுவிடும். துடைத்து, கழுவி, அதற்குப் பிறகு ஊற்ற வேண்டும். நேற்றுக் கரைத்ததை இன்றும் பாவிப்பது இரண்டாவது. வெயிலும் வெக்கையும் அதன் வீரியத்தைக் குறைத்துவிடும். மூன்றாவதுதான் ஆபத்து: "கூடப் போட்டால் கூட நல்லம்" என்று கக்கூசு கழுவுகிற அமிலத்தோடு கலப்பது. அதில் கிளம்புவது நச்சுப் புகை. கதவு பூட்டிய சின்ன அறைக்குள் ஆளையே விழுத்தும்.

ஸ்பிரிட்டிலும் இப்படி ஒரு நம்பிக்கை உண்டு. 70 வீத அல்கஹோலைவிட 95 வீதம் பலமானது என்று நினைப்போம். உண்மையில் 70தான் நன்றாக வேலை செய்யும். கிருமியின் புரதத்தைச் சிதைக்க அல்கஹோலுக்குக் கொஞ்சம் தண்ணீரும் துணை வேண்டும்.

எங்கள் கிணறுகளுக்குப் போடுகிற குளோரின் தூள் இருக்கிறதே, அதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற வைத்தியர் பிரசவ வாட்டில் தாய்மார் காய்ச்சல் கண்டு சாவதைப் பார்த்தார். மருத்துவச்சிகளின் வாட்டில் சாவு குறைவு. டொக்டர்மார், மாணவர்களின் வாட்டில் கூட. அவர்கள் பிரேதப் பரிசோதனை முடித்த கையோடு பிரசவம் பார்க்க வந்துகொண்டிருந்தார்கள். குளோரின் சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவச் சொன்னார். அந்த ஏப்ரலில் 100க்கு 18 அளவில் இருந்த சாவு, ஜூலையில் 1 அளவுக்கு வந்தது. கூட வேலை செய்த பெரிய டொக்டர்மார் பலர் அதை ஏற்கவில்லை. படித்த எங்கள் கையிலா அழுக்கு என்ற ரோசம். அந்த ரோசம் இன்னும் எல்லா வாட்டிலும் கொஞ்சம் இருக்கிறது.

ஊசி, குழாய், சவரக்கத்தி

பாவித்த ஊசிக்குத் திரும்ப மூடி போடாதீர்கள். குத்துப்படுவது கனபேருக்கு அந்த நேரத்தில்தான். பாவித்த ஊசிகளை எறிகிற பெட்டி முக்கால்வாசி நிறைந்ததும் மூடிவிட வேண்டும், அமத்தி அமத்தி இடம் எடுக்கக் கூடாது. குத்திவிட்டால் ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு உடனே மேலிடத்துக்குச் சொல்லுங்கள். பிதுக்குவது, வாயால் உறிஞ்சுவது எல்லாம் வேண்டாம். ஏச்சு விழும் என்று மறைக்கிறவர்கள்தான் அகப்படுகிறார்கள். நோயுள்ளவருக்குப் பாவித்த ஊசி என்றால், தடுப்பூசி போடாத ஒருவருக்கு ஈரலைத் தாக்குகிற ஹெபரைற்றிஸ் பி தொற்றுகிற வாய்ப்பு 100க்கு 30 வரை போகலாம். எச்ஐவி 1000க்கு 3 அளவுதான். ஆனால் அதற்கான தடுப்பு மருந்தை 72 மணித்தியாலத்துக்குள், எவ்வளவு விரைவோ அவ்வளவு விரைவாகத் தொடங்க வேண்டும். பி தடுப்பூசி மூன்று தரம் போட்டு முடித்தீர்களா என்று துப்புரவு செய்கிற தங்கச்சிமாரிடம் கேட்டுப் பாருங்கள். குப்பைப் பைக்குள் தப்பி விழுந்த ஊசி முதலில் குத்துவது அவர்களைத்தான்.

சலக்குழாய் பற்றி வீட்டுக்காரரும் தெரிந்திருக்க வேண்டும். ஸ்கானுக்கு றொலியில் தள்ளிக்கொண்டு போகும்போது சலப்பையைத் தூக்கி நோயாளியின் வயிற்றில் வைப்பது எங்கும் நடக்கிறது. பைக்குள் இருந்தது திரும்ப உள்ளே ஓடும். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே, ஆனால் நிலத்தில் முட்டாமல். குழாயோடு வீட்டுக்கு அனுப்பிய ஒரு ஐயா, நடக்க வசதி என்று பையைச் சாரத்து முடிச்சில் செருகிக்கொண்டு வயலுக்குப் போயிருக்கிறார். ஒரு கிழமையில் குளிர்காய்ச்சலோடு திரும்ப வந்தார். குழாய் இருக்கிற ஒவ்வொரு நாளும் தொற்று வாய்ப்பு 3 முதல் 7 வீதம் கூடுகிறது. அதனால் "இது இன்னும் தேவையோ?" என்று தினமும் கேட்கலாம். செலைன் ஊசிக்கும் இதே கேள்விதான். அந்த இடம் சிவந்தால், வீங்கினால், நொந்தால் விடியும்வரை பொறுக்காமல் சொல்லுங்கள்.

ஒப்பரேசனுக்கு முதல்நாள் வீட்டிலேயே சவரம் செய்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். மரியாதையாக வருகிறோம் என்ற எண்ணம். சவரக்கத்தி தோலில் விடும் சின்னச் சின்னக் கீறல்கள் கிருமிக்கு வாசல். முடி எடுக்க வேண்டுமென்றால் வாட்டில் கத்தரிப்பார்கள். நீங்கள் சவர்க்காரம் போட்டு முழுகிவிட்டு வந்தால் போதும்.

வரவேண்டாம் என்று சொல்லவில்லை

பார்க்க வராவிட்டால் உறவு முறியும் என்பது எனக்கும் தெரியும். வாருங்கள். கட்டிலில் இருக்காமல் கதிரையில் இருங்கள், வரும்போதும் போகும்போதும் கை கழுவுங்கள், தடிமன் இருமல் என்றால் போனில் சுகம் விசாரியுங்கள். பிறந்த பிள்ளையைக் கொஞ்ச வேண்டாம். தொப்புளில் பவுடர், எண்ணெய், சாம்பல் எதுவும் வேண்டாம். அது தானாகக் காய்ந்து விழட்டும்.

மார்கழிப் பனிக்குப் பயந்து யன்னலெல்லாம் சாத்திவிடுவோம். சயரோகக் கிருமி காற்றில் மிதப்பது. இருமுகிறவர் இருக்கிற வாட்டில் யன்னல் திறந்திருக்க வேண்டும், குளிருக்கு ஒரு போர்வை கூடப் போர்த்தலாம். டெங்குக்காரரை நுளம்பு வலைக்குள் விட்டால் வெக்கையில் அவர் வெளியே வந்துவிடுவார். "எனக்குத்தான் வந்திட்டுதே, இனி ஏன் வலை?" என்று கேட்பார். வலை பக்கத்துக் கட்டில்காரருக்காக. இவரைக் கடிக்கிற நுளம்புதான் பிறகு மற்றவர்களுக்குக் கொண்டுபோகும்.

பிழையைக் கண்டால் கேட்கலாம். எங்கள் சனம் கேட்காது, மிஸ்ஸி ஏசுவா என்ற பயம். ஒரேயொரு ஆச்சி மட்டும் என்னிடம் கேட்டிருக்கிறா. முள்ளியவளைப் பக்கம். புண்ணுக்கு மருந்து கட்டப் போனேன். என் கையையே உற்றுப் பார்த்தா.

"பிள்ளை, கை ஈரமாக் காணேல்லை."

அல்கஹோல் திரவம் பூசினால் காய்ந்துவிடும் என்று சொல்லிப் போத்தலைக் காட்டினேன். வாங்கி மணந்து பார்த்தா.

"இது சாராயமெல்லோ?"

"கிட்டத்தட்ட அதுதான் ஆச்சி."

கொஞ்ச நேரம் யோசித்தா. பிறகு இரண்டு கையையும் நீட்டினா. "அப்ப எனக்கும் விடு. சாப்பிடப் போறன்."