நெட்வொர்க் மார்க்கெட்டிங் பிரபலம் ஒருவர் இறந்தால்: செய்தி எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிக்டொக்கிலும் முகநூலிலும் ஆயிரக்கணக்கானோர் பின்தொடரும் ஒருவர். நெட்வொர்க் மார்க்கெட்டிங்கில் சேர்ந்து உயர்ந்ததாகச் சொல்லி, மற்றவர்களையும் சேரச் சொன்னவர். அவர் திடீரென்று இறந்துபோகிறார், எப்படி இறந்தார் என்பதில் சந்தேகம் இருக்கிறது. இப்படியொரு செய்தி எந்த நாட்டிலிருந்து வந்தாலும், அன்று இரவுக்குள் நம் ஊர்ப் பிள்ளைகள் அதை வைத்துக் காணொளி போட்டுவிடுகிறார்கள். திருகோணமலையில் புதிதாகச் செய்தி எழுத வந்தவர்களும் யூடியூப் நடத்துபவர்களும் தாங்கள் எழுதியதை என்னிடம் காட்டுவதுண்டு. 2008இல் மக்களிடம் வைப்புப் பணம் வாங்கிய சக்வித்தி, கோல்டன் கீ என்ற நிறுவனங்கள் விழுந்தபோது எங்கள் தலைமுறைச் செய்தியாளர்கள் செய்த பிழைகளையே இவர்களும் செய்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெயரைச் சரிபாருங்கள், வயதைச் சரியாகப் போடுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதல் நாளே காரணம் எழுதுவது

திடீர் மரணம் என்றால் நம் நாட்டில் அதற்கென்று ஒரு வழி இருக்கிறது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின்படி திடீர் மரண விசாரணை அதிகாரி சடலத்தைப் பார்க்கிறார், சாட்சியம் எடுக்கிறார், பிரேத பரிசோதனைக்குப் பணிக்கிறார். குற்றம் நடந்திருக்கலாம் என்றால் விடயம் நீதவானிடம் போகிறது. சட்ட வைத்திய அதிகாரி எடுக்கும் மாதிரிகள் தேவைப்பட்டால் பத்தரமுல்லையிலுள்ள அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்கு அனுப்பப்படும். அந்த அறிக்கை வர மாதக்கணக்காகும். நீங்களோ பெரியாஸ்பத்திரி வாசலில் நின்று, பிண அறைக்குப் பொறுப்பானவரிடம் கேட்டதை வைத்து 'கொலையா, தற்கொலையா' என்று தலைப்புப் போடுகிறீர்கள்.

தொழிலதிபர் தினேஷ் ஷாப்டரின் வழக்கைப் பாருங்கள். 2022 டிசம்பர் 15 அன்று பொரளை மயானத்தில், கைகள் கட்டப்பட்ட நிலையில் காருக்குள் இருந்து மீட்கப்பட்டார். முதலில் எல்லோரும் கொலை என்றார்கள். பிறகு சயனைட், தற்கொலை என்று பேச்சு மாறியது. 2023 மே மாதம் சடலம் தோண்டி எடுக்கப்பட்டு நிபுணர் குழுவொன்று மறுபடி ஆராய்ந்தது. கழுத்தும் முகமும் அழுத்தப்பட்டதால் நிகழ்ந்த மரணம், இது குற்றச்செயல் என்று நீதவான் தீர்ப்பளித்தபோது தேதி 2023 நவம்பர் 1. கிட்டத்தட்ட பதினொரு மாதம். இடையில் ஒவ்வொரு கட்டத்திலும் 'உண்மை இதுதான்' என்று எழுதிய செய்திகள் இணையத்தில் இன்றும் அப்படியே கிடக்கின்றன.

'மரணத்துக்கான காரணம் விசாரிக்கப்படுகிறது' என்று எழுதுங்கள். விசாரணையில் தெரிந்ததை நீதவானுக்குச் சொல்லும் பீ அறிக்கையைப் பொலிஸார் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் நாளில் போய் உட்கார்ந்து கேளுங்கள். அங்கே சொல்லப்பட்டது உங்களுக்குப் போதும்.

அப்லைனை முதல் சாட்சியாக்குவது

மற்றப் பிழைகளையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். இதை என்னால் பொறுக்க முடிவதில்லை. இதை எழுதும்போதும் கோபம் வருகிறது.

சில வருடங்களுக்கு முன் நகருக்கு வெளியே ஒரு கிராமத்தில் ஓர் இளைஞர் இறந்தார். சத்துமா போன்ற ஒரு பொருளை விற்கும் நெட்வொர்க்கில் இருந்தவர். உப்புவெளிக் கடற்கரையில் போனை ஸ்டாண்டில் வைத்து, 'வேலை தேடி அலையாதீர்கள், என்னோடு வாருங்கள்' என்று பேசிப் பேசியே ஊரில் பெயர் எடுத்திருந்தார். செய்தி எடுக்கப் போன தம்பி ஒருவர் செத்தவீட்டு வாசலுக்கு வந்ததுமே வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் எதிரே வந்தார். இறந்தவரின் அப்லைன், அதாவது நெட்வொர்க்கில் அவருக்கு மேலே இருந்தவர். நல்ல பேச்சு. படங்களை உடனேயே வட்ஸ்அப்பில் அனுப்பினார். மேடையில் விருது வாங்கும் படம், காரோடு நிற்கும் படம், கொழும்பு ஹோட்டல் படம் எல்லாம் வரிசையாக. 'மாதம் ஆறு இலட்சம் உழைத்த பிள்ளை, குடும்பத்துக்குள் ஏதோ மனக்கசப்பு' என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். மறுநாள் செய்தியில் அதுதான் வந்தது. ஆறு இலட்சம், மனக்கசப்பு, காரோடு நிற்கும் படம்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். 'மனக்கசப்பு' என்ற ஒரு சொல்லால் அந்த மனைவி ஊர் வாயில் விழுந்தார். எட்டுச் செலவுக்குச் சாமான் வாங்கக் கடைக்குப் போனவரிடமே கேட்டிருக்கிறார்கள். அந்த வாரக் கடைசியிலேயே ஸூமில் அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். செய்தித்தாள் துண்டைத் திரையில் காட்டி, 'அவருடைய கனவு இலக்கை நாங்கள் முடித்துக் கொடுப்போம்' என்றார்கள். அவருக்குக் கீழே இருந்த பிள்ளைகள், பத்திரிகையே ஆறு இலட்சம் என்று எழுதியிருக்கிறது, அப்படியென்றால் நம் பணத்துக்குப் பயமில்லை என்று நம்பினார்கள். அதில் சிலர் நகை அடகு வைத்து மறுபடியும் பொதி வாங்கினார்கள்.

முப்பத்தோராம் நாள் கழித்து நான் அந்த வீட்டுக்குப் போனேன். தையல் மெஷினுக்குக் கீழிருந்த பையிலிருந்து ஒரு சீஆர் கொப்பியை அவர் மனைவி எடுத்துத் தந்தார். 'இதையும் பாருங்கோ அண்ணா, ஒருத்தரும் கேட்கேல்லை' என்றார். நீல மட்டை, ஓரம் நைந்திருந்தது. உள்ளே அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு நான்கு நிரல்கள். பெயர், தொகை, யார் மூலம், யார் கட்டியது. அந்தக் கடைசி நிரலில் பக்கத்துக்குப் பக்கம் 'நான்' என்று எழுதியிருந்தது. சேர்வதாகச் சொல்லிவிட்டுப் பின்வாங்கியவர்களுடைய சேர்வுப் பணத்தைத் தன் கையால் கட்டியிருக்கிறார். தரநிலை இறங்கிவிடக்கூடாது என்பதற்காக. கொப்பியின் பின்பக்கத்திலிருந்து தலைகீழாக இன்னொரு கணக்கு இருந்தது. அடகுக்கடை வட்டி கட்ட வேண்டிய திகதிகள். ஆறு இலட்சம் எங்கேயும் இல்லை, கடன்தான் இருந்தது.

அந்தத் தம்பி அதே முற்றத்தில் ஒரு மணித்தியாலம் நின்றவர். வீட்டுக்குள் போகவில்லை. மரண விசாரணையின் முடிவு கடைசியில் திறந்த தீர்ப்பாக அமைந்தது. என்ன நடந்தது என்று இன்றுவரை எவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் ஊரைக் கேட்டால் 'குடும்பப் பிரச்சினை' என்று ஒரே வரியில் சொல்லிவிடும். அந்த வரி வெள்ளைச் சட்டைக்காரருடையது.

அப்லைன் ஏன் வாசலிலேயே நிற்கிறார் என்று யோசியுங்கள். இந்த அமைப்பில் அவருடைய வருமானம் தனக்குக் கீழே உள்ள கிளைகள் மாதாமாதம் வாங்குவதிலும் ஆள் சேர்ப்பதிலும் தங்கியிருக்கிறது. கிளைக்குத் தலைவராக இருந்தவர், அதுவும் சமூக ஊடகத்தில் முகமாக இருந்தவர், சந்தேகத்துக்கிடமாக இறந்தால் அந்தக் கிளை முழுவதும் கலைந்துபோகலாம். பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள், பொலிஸுக்குப் போவார்கள். அதனால் மரணத்தைப் பற்றி அவர் சொல்லும் கதை பணத்தை விட்டு விலகித்தான் போகும். காதல், குடும்பம், நோய், எதிரிகளின் பொறாமை என்று எதுவாகவும் இருக்கலாம். அவர் பொய்தான் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை, மரணத்தில் அவருக்குப் பங்கிருக்கிறது என்றும் சொல்லவில்லை. அந்தக் கதையால் லாபமோ நட்டமோ அடையக்கூடிய ஒருவரிடம், மற்ற எவரிடமும் பேசும் முன்னர் போய்ப் பேசாதீர்கள் என்கிறேன்.

முதலில் வீட்டாரிடம் பேசுங்கள், அவர்கள் பேசும் நிலையில் இருந்தால் மட்டும். அடுத்ததாக அவருக்குக் கீழே கடைசியாகச் சேர்ந்த இரண்டொருவரைத் தேடிப் பிடியுங்கள். மேடை ஏறியவர்கள் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள். கிராம உத்தியோகத்தர், பக்கத்துக் கடைக்காரர், கூட்டம் நடந்த மண்டபத்தின் பொறுப்பாளர் என்று சுற்றிவிட்டு, கையில் தகவலோடு அப்லைனிடம் போங்கள். இறந்தவரின் கணக்கின் கடவுச்சொல் இப்போது யாரிடம், இனிமேல் அந்தக் கணக்கில் வரும் போனஸ் யாருக்குப் போகும், உங்களுக்குள் கொடுக்கல் வாங்கல் இருந்ததா, அவருடைய போன் எங்கே? இவற்றைக் கேட்டால் அவர் பேச்சின் வேகம் குறைவதை நீங்களே காண்பீர்கள். அவர் அனுப்பும் படங்களைப் பயன்படுத்தவே வேண்டாம். அவை ஆள் சேர்ப்பதற்காக எடுக்கப்பட்டவை.

வருமானத்தை அவர் சொன்னபடியே எழுதுவது

'மாதம் இத்தனை இலட்சம் உழைத்தவர்' என்று எழுத உங்களிடம் வங்கிக் கணக்கோ வரிக் கோப்போ இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 'உழைப்பதாகக் கூறிவந்தவர்' என்று எழுதுங்கள். அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு 70 நெட்வொர்க் கம்பனிகள் தாங்களே வெளியிட்ட வருமான அறிக்கைகளை ஆராய்ந்து 2024 செப்டெம்பரில் முடிவை வெளியிட்டது. பெரும்பாலானோர் ஆண்டுக்கு 1,000 டொலர் அல்லது அதற்கும் குறைவாகவே பெற்றிருந்தார்கள். அந்தத் தொகையிலும் அவர்களுடைய செலவு கழிக்கப்படவில்லை.

கார்ப் படமும் அப்படித்தான். லீசிங்கில் எடுத்த வாகனமென்றால் பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளராக இருப்பது லீசிங் கம்பனி.

'பதிவு செய்யப்பட்ட கம்பனிதானே'

கம்பனிப் பதிவாளரிடம் பதிவது வேறு, செய்யும் தொழில் சட்டபூர்வமாக இருப்பது வேறு. 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவு பிரமிட் திட்டங்களைத் தடைசெய்கிறது. சேர்ந்தவருக்குக் கிடைக்கும் பலன் பெருமளவுக்குப் புதிய ஆட்கள் சேர்வதிலோ அவர்கள் கட்டும் பணம் கூடுவதிலோ தங்கியிருந்தால் அது தடைசெய்யப்பட்ட திட்டம். நடுவில் சவர்க்காரம் விற்கிறார்களா, சத்துமா விற்கிறார்களா, கிரிப்டோ என்கிறார்களா என்பதால் அது மாறிவிடாது.

தடைசெய்யப்பட்ட திட்டம் என்று தான் விசாரித்துத் தீர்மானித்த பெயர்களை மத்திய வங்கி பட்டியலாக வெளியிட்டு வருகிறது. எம்டிஎஃப்ஈ, ஒன்மெக்ஸ் டீடீ எல்லாம் அதில் 2023இல் சேர்ந்தவை. ஒரு பெயர் பட்டியலில் இருந்தால் அப்படியே எழுதுங்கள். இல்லையென்றால் 'பிரமிட்' என்று நீங்களாகவே தீர்ப்பு எழுதாதீர்கள். பட்டியலில் இல்லை என்பதற்காக 'அங்கீகரிக்கப்பட்ட நிறுவனம்' என்றும் எழுதிவிடாதீர்கள். பணம் எப்படி வருகிறது என்பதை விளக்கிவிடுங்கள், வாசிப்பவருக்குப் புரியும்.

கடைசி வீடியோ

பகிராதீர்கள்.

இறந்த விதம்

தற்கொலையாக இருக்கலாம் என்ற பேச்சு இருந்தால் முறையையும் இடத்தையும் எழுதாதீர்கள், 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தைப் போடுங்கள்.

மர்மத்தைத் துரத்திப் பணத்தை விட்டுவிடுவது

கனடாவின் குவாட்ரிகா என்ற கிரிப்டோ பரிமாற்று நிறுவனத்தை நடத்திய ஜெரால்ட் கொட்டன் 2018 டிசம்பரில் இந்தியாவின் ஜெய்ப்பூரில் இறந்தார். அது நெட்வொர்க் மார்க்கெட்டிங் அல்ல, ஆனால் பாடம் ஒன்றுதான். வயது 30. கடவுச்சொற்கள் அவரிடம் மட்டுமே இருந்தன என்றதும் உலகம் முழுவதும் ஒரே கேள்விதான். உண்மையிலேயே செத்தாரா, நாடகமா? சடலத்தைத் தோண்டிப் பார்க்க வேண்டும் என்றுகூட வாடிக்கையாளர்களின் வழக்கறிஞர்கள் கேட்டார்கள். 2020 ஜூனில் ஒன்ராறியோ பிணையங்கள் ஆணைக்குழு அறிக்கை வெளியிட்டது. பணத்தில் பெரும்பகுதி அவர் உயிரோடு இருந்தபோதே போலிக் கணக்குகள் வழியாக அவராலேயே இழக்கப்பட்டிருந்தது. குறைந்தது 16.9 கோடி கனேடிய டொலர் இழப்பு. மரணத்தின் மர்மம் தீர்ந்தாலும் தீராவிட்டாலும் அந்தப் பணம் அங்கே இருந்திருக்கவில்லை.

ஆகவே இரண்டு குறிப்புப் புத்தகம் வையுங்கள். ஒன்றில் மரணம், மற்றதில் பணம். இரண்டையும் இணைக்கும் ஆதாரம் கையில் வரும்வரை ஒரே வாக்கியத்தில் இரண்டையும் சேர்த்து எழுதாதீர்கள். 'நெட்வொர்க் கடனால் மரணம்' என்பதும் ஒரு தீர்ப்புத்தான்.

தியாகியாக்குவது, திருடனாக்குவது

83இ பிரிவு திட்டத்தை ஆரம்பித்தவரோடு நிற்பதில்லை. அதை ஊக்குவிப்பவரும் விளம்பரம் செய்பவரும் அதற்குள் வருவார்கள். டிக்டொக்கில் 'வாருங்கள்' என்று அழைத்தவர், திட்டம் தடைசெய்யப்பட்ட ஒன்றென்றால், சட்டத்தின் கண்ணில் சிக்கக்கூடியவர். அவரே பணத்தையும் நகையையும் பறிகொடுத்தவராகவும் இருப்பார். இரண்டையும் எழுதுங்கள். அவரை நம்பிச் சேர்ந்த ஒரு மூதூர்ப் பெண்ணுக்கும் மரியாதை வேண்டும், இறந்தவருடைய தாய்க்கும் மரியாதை வேண்டும்.

பணம் இழந்தவர் எங்கே போவது என்று சொல்லாமல் விடுவது

மரணச் செய்தியை வாசிப்பவர்களில் அதே நெட்வொர்க்கில் பணம் கட்டியவர்கள் கட்டாயம் இருப்பார்கள். அவர்கள் செய்தியில் தேடுவது தங்களுக்கான ஒரு வரியை. மத்திய வங்கிக்குத் திருகோணமலையில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, 1935 என்ற இலக்கமும் இருக்கிறது. வங்கிச் சிட்டை, வட்ஸ்அப் உரையாடல், கூட்ட அழைப்பு, கணக்கின் ஸ்கிரீன்ஷொட் எல்லாவற்றையும் அழிக்காமல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இறந்தவரின் பக்கமும் குழுவின் கணக்கும் சில நாட்களிலேயே காணாமல் போய்விடும். தாங்களும் ஆள் சேர்த்துவிட்டோம், பொலிஸுக்குப் போனால் மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில்தான் பலர் வாய் திறப்பதில்லை. அப்படிப்பட்டவர்கள் முறைப்பாட்டுக்கு முன் ஒரு சட்டத்தரணியிடம் பேசட்டும். காசு இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்துக்குப் போகலாம். இதற்குச் செய்தியின் அடியில் நான்கு வரி இடம் விட்டால் போதும்.