கேம் சந்தா கட்டும் முன்: உங்களுக்குக் கிடைக்கப்போவது எந்தப் பிரதி?

ஒரு கேமின் பெயர் சந்தாப் பட்டியலில் இருக்கிறது. நம்மிடம் பிசியும் இருக்கிறது, கேம் ஆடுவதற்கென்றே விற்கும் கன்சோலும் இருக்கிறது. பணம் கட்டி இறக்கி ஆட வேண்டியதுதானே என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு சந்தாவில் கிடைத்த ரோல் பிளேயிங் கேமில் ஏறக்குறைய 60 மணி நேரம் ஆடியிருந்தேன். ஒருநாள் அந்த கேம் பட்டியலிலிருந்து போய்விட்டது. சரி, தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று வேறொரு ஆன்லைன் கடையில் வாங்கினேன். திறந்தால் முதல் காட்சியிலிருந்து தொடங்குகிறது. என் பழைய சேவ், அதாவது அதுவரை ஆடிய நிலையின் பதிவு, அந்தப் பிரதிக்குத் தெரியவே தெரியாது.

சந்தா நமக்குத் திறந்துவிடுவது ஒரு குறிப்பிட்ட கடையின் பிரதியை. அதே பெயரில் நாலு கடைகளில் நாலு பிரதிகள் இருக்கும். எந்தக் கருவியில் ஓடும், யாரோடு ஆடலாம், சேவ் எங்கே தங்கும் என்பதெல்லாம் பிரதிக்குப் பிரதி மாறும். இப்போதெல்லாம் பணம் கட்டும் முன் கீழே உள்ள வரிசையில்தான் பார்க்கிறேன். ஒரு தாளில் நீங்கள் ஆட விரும்பும் மூன்று கேம்களின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படியிலும் அதில் ஒரு குறிப்புச் சேரும்.

படி 1: எந்த வகைச் சந்தா?

‘சந்தா’ என்ற ஒரே சொல்லில் மூன்று வேறு சரக்குகள் விற்கிறார்கள்.

ஒன்று, ஆன்லைனில் ஆட அனுமதி. காசு கொடுத்து வாங்கிய கேமாக இருந்தாலும், மற்றவர்களோடு ஆன்லைனில் ஆட எக்ஸ்பாக்ஸ், பிளேஸ்டேஷன், நிண்டெண்டோ மூன்றிலும் பொதுவாகச் சந்தா வேண்டும். பிஎஸ்3-இல் (பிளேஸ்டேஷன் 3) இது இலவசமாக இருந்தது. 2013-இல் பிஎஸ்4 வந்தபோது கட்டணமானது. ஃபோர்ட்நைட் மாதிரி இலவச கேம்களுக்கு இது தேவையில்லை. எக்ஸ்பாக்ஸ் மட்டும் அவற்றுக்கும் 2021 ஏப்ரல் வரை கேட்டுக்கொண்டிருந்தது. பிசியில் இப்படி ஒரு வாசல் கட்டணமே கிடையாது.

இரண்டாவது, கேம் பட்டியல். மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்பாக்ஸுக்காக 2017-இல் தொடங்கிய கேம் பாஸ் இந்த வகை. பிளேஸ்டேஷன் பிளஸ் 2022-இல் எசென்ஷியல், எக்ஸ்ட்ரா, பிரீமியம் என்று மூன்று தட்டுகளாகப் பிரிந்தது. பெரிய பட்டியல் மேல் இரண்டு தட்டுகளில்தான்.

மூன்றாவது, இயந்திர வாடகை. ஜிஃபோர்ஸ் நவ் இதற்கு நல்ல உதாரணம். அது உங்களுக்கு கேம் தருவதில்லை; நீங்கள் ஏற்கெனவே வாங்கிய கேமைத் தன் சர்வரில் ஓட்டி, படத்தை மட்டும் உங்கள் திரைக்கு அனுப்புகிறது. இதைத்தான் ஸ்ட்ரீமிங் என்பார்கள். புதிதாக வருபவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். பணம் கட்டிவிட்டு ‘கேம்கள் எங்கே?’ என்று தேடுவார்கள்.

தாளில் ஒவ்வொரு கேமுக்கு எதிரிலும் இந்த மூன்றில் எது வேண்டும் என்று எழுதுங்கள். பிசியில் தனியாக ஆடும் ஒரே ஒரு கேம்தான் ஆசை என்றால், எந்தச் சந்தாவும் வேண்டாம், அதை வாங்கிவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

படி 2: தட்டும் கருவியும் பொருந்துகிறதா?

பிசி கேம் பாஸ் கட்டிவிட்டு எக்ஸ்பாக்ஸ் கன்சோலைத் திறந்தால், அந்தப் பட்டியல் அங்கே வராது. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான தட்டிலும்கூட ஒவ்வொரு கேமும் எல்லா இடத்திலும் இருக்கும் என்று நம்பாதீர்கள். கேமின் பக்கத்தில் கன்சோல், பிசி, கிளவுட் (ஸ்ட்ரீமிங்) என்று தனித்தனியாகக் குறித்திருப்பார்கள். அதைப் பாருங்கள்.

பிளேஸ்டேஷன் பக்கம் கதை வேறு. அந்தப் பட்டியலைப் பிசியில் இறக்கவே முடியாது. பிரீமியம் தட்டு இருந்தால் ஸ்ட்ரீமிங்காக ஆடலாம், அவ்வளவுதான். பழைய பிஎஸ்3 கேம்கள் பிஎஸ்5-இலும் ஸ்ட்ரீமிங்கில்தான் வருகின்றன. பிஎஸ்3-க்குள் இருந்த ‘செல்’ என்ற பிராசஸரின் கட்டமைப்பு அவ்வளவு விசித்திரமானது. எக்ஸ்பாக்ஸ் 2015-இலிருந்தே முந்தைய எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோலின் கேம்கள் பலவற்றை எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் இறக்கி ஆடும்படி செய்துவந்தது. பட்டியலை வைத்துச் சந்தா விற்கும் நிறுவனத்துக்குப் பழைய கேம் எல்லாம் மறுபடி சரக்காகிவிடுகிறது. அதனால்தான் இந்தப் பொருத்த வேலைக்கு அவர்கள் மெனக்கெடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

படி 3: சேவ் எங்கே தங்குகிறது?

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். சூடு பட்டவன் சொல்கிறேன்.

எக்ஸ்பாக்ஸில் ‘பிளே எனிவேர்’ என்ற முத்திரை இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். 2016-இல் வந்த ஏற்பாடு இது. இந்த முத்திரை உள்ள கேமைக் கன்சோலில் பாதி ஆடி, மீதியை விண்டோஸ் பிசியில் தொடரலாம். சேவ் கூடவே வரும். ஆனால் அந்தப் பாலம் மைக்ரோசாஃப்ட் கடைக்குள் மட்டும்தான். ஃபோர்ஸா ஹொரைசன் 5-ஐக் கேம் பாஸில் ஆடிவிட்டு, ஸ்டீம் என்ற பிசி கேம் கடையில் வாங்கினால், கார்களைப் புதிதாகத்தான் சேர்க்க வேண்டும்.

மாறாக டியாப்லோ 4 உங்கள் கதாபாத்திரத்தை, அதை வெளியிட்ட பிளிஸார்டின் பேட்டில்நெட் கணக்கில் வைத்திருக்கிறது. கேம் பாஸில் தொடங்கி, பிறகு பிளேஸ்டேஷனில் வாங்கினாலும் அதே கதாபாத்திரம் காத்திருக்கும். கேமுக்கு மட்டும் மறுபடி காசு கொடுக்க வேண்டும். ஆக, சேவ் கடையின் கணக்கில் இருக்கிறதா, கேமை வெளியிட்டவரின் கணக்கில் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் தடவை திறக்கும்போது தனியாக ஒரு கணக்குத் தொடங்கச் சொல்லி நச்சரிக்கும் கேம்கள் எரிச்சல்தான். ஆனால் சில சமயம் அந்த எரிச்சல்தான் சேவ் கோப்பைக் காப்பாற்றுகிறது.

இன்னும் இரண்டு விஷயம். பிளேஸ்டேஷனிலும் ஸ்விட்சிலும் சேவ் கோப்பை நிறுவனத்தின் சர்வரில் வைக்கும் கிளவுட் சேவ் வசதியே சந்தாவோடு கட்டப்பட்டது. நிண்டெண்டோவில் சந்தா முடிந்து 180 நாளுக்குள் புதுப்பித்தால் கிளவுடில் இருந்த பழைய சேவ் கோப்பை மீட்கலாம். அடுத்து, பிஎஸ்4 பிரதியின் சேவ் கோப்பை அதே கேமின் பிஎஸ்5 பிரதி தானாக எடுத்துக்கொள்ளும் என்று எண்ண வேண்டாம். கேமுக்குக் கேம் மாறும்.

படி 4: நண்பர்கள் எந்தக் கடையில் இருக்கிறார்கள்?

சேவ் பொதுவாக இருப்பது வேறு, சேர்ந்து ஆட முடிவது வேறு. இரண்டாவதற்குப் பெயர் கிராஸ்பிளே. 2016-இல் கால் ஆஃப் டியூட்டி: இன்ஃபினிட் வார்ஃபேரை விண்டோஸ் ஸ்டோரில் வாங்கியவர்களால் ஸ்டீமில் வாங்கியவர்களோடு ஆட முடியவில்லை. இரண்டும் பிசிதான், கேமும் ஒன்றுதான். எதிராளி கிடைக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். 2018-இல் பிளேஸ்டேஷனின் சோனி, ஃபோர்ட்நைட்டில் மற்ற கன்சோல்காரர்களோடும் ஆடக் கதவைத் திறந்த பிறகு நிலைமை நிறைய மாறிவிட்டது. ஆனாலும் மைன்கிராஃப்ட் ஜாவா பிரதிக்காரரும் பெட்ராக் பிரதிக்காரரும் இன்றும் நேரடியாக ஒன்று சேர முடியாது.

நண்பரிடம் ‘அந்த கேம் உன்னிடம் இருக்கிறதா?’ என்று கேட்காமல், ‘எந்தக் கடையில் எடுத்தாய்?’ என்று கேளுங்கள். பதிலைத் தாளில் குறியுங்கள்.

படி 5: கருவி தாங்குமா?

கன்சோல் என்றால் இதைத் தாண்டிப் போகலாம். பிசி என்றால், விண்டோஸின் எக்ஸ்பாக்ஸ் செயலி பல கேம்களுக்கு ‘இந்தக் கணினியில் நன்றாக ஓடும்’ என்கிற மாதிரி ஒரு குறிப்புக் காட்டும். அதோடு, குறைந்தபட்சத் தேவைப் பட்டியலையும் படியுங்கள். ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவி வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அது லினக்ஸில் ஓடுகிறது, கேம் பாஸ் கேம்களை அதில் நேரடியாக நிறுவ முடியாது, பிரவுசரில் ஸ்ட்ரீமிங்தான் வழி. மோட் (ஆடுபவர்களே கேமில் செய்யும் மாற்றங்கள்) போடும் ஆசை இருந்தால், அவற்றைப் பகிரும் ஸ்டீம் வொர்க்‌ஷாப் என்பது ஸ்டீம் பிரதிக்கு மட்டும் உரியது என்பதையும் நினைவில் வையுங்கள்.

படி 6: போகும்போது என்ன மிஞ்சும்?

பட்டியலிலிருந்து கேம்கள் வெளியேறிக்கொண்டே இருக்கும். ‘விரைவில் வெளியேறுபவை’ என்ற பகுதியை வாரம் ஒருமுறை எட்டிப் பாருங்கள். டிஎல்சி, அதாவது கேமுக்கான கூடுதல் பகுதி, தனியாகக் காசு கொடுத்து வாங்கியிருந்தால் அது உங்கள் கணக்கில் இருக்கும். ஆனால் மூல கேம் போய்விட்டால் திறக்க வழியில்லை. பூட்டு இல்லாத வீட்டின் சாவி மாதிரி. அதனால் சந்தா கேமுக்கு டிஎல்சி வாங்குவதை நான் நிறுத்திவிட்டேன். அவ்வளவு பிடித்துப்போனால், பட்டியலில் இருக்கும்போதே அதே கடையில் கேமை வாங்கிவிடுவேன். கேம் பாஸ் உறுப்பினருக்குப் பல கேம்களில் தள்ளுபடியும் உண்டு, சேவும் அப்படியே தொடரும்.

படி 7: ஒரே ஒரு மாதம்

இப்போது தாளைப் பாருங்கள். மூன்றில் இரண்டு கேமாவது எல்லாப் படியையும் தாண்டியிருந்தால் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். கட்டிய கையோடு, தானாகப் புதுப்பிக்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள். ஒரு கேமை இறக்கி, பத்து நிமிடம் ஆடி, சேவ் செய்து வெளியே வாருங்கள். கிளவுடில் ஏற ஓரிரு நிமிடம் கொடுங்கள். அப்புறம் உங்களுடைய இரண்டாவது கருவியில் அதே கேமைத் திறந்து, ‘தொடர்க’ என்ற பொத்தான் தெரிகிறதா என்று பாருங்கள். ‘புதிய ஆட்டம்’ மட்டும் தெரிந்தால், உங்களுக்கு நஷ்டம் பத்து நிமிடம்தான்.