பலகாரச் சட்டி புகையாமல் இருக்க: அக்ரோலினை அடுப்பிலேயே அடக்கும் வழி

தீபாவளிக்கு முந்தைய வாரம் சிங்கப்பூரில் வீவக அடுக்குமாடி புளோக்கில் மின்தூக்கியை விட்டு இறங்கினாலே, எந்த வீட்டில் முறுக்கு சுடுகிறார்கள் என்று மூக்கு சொல்லிவிடும். அந்த வாசம் வேறு, எண்ணெய் காந்திக் கண்ணைக் கரிக்கும் நெடி வேறு. கரிப்பதில் பெரும்பங்கு அக்ரோலின் என்ற ஆல்டிஹைடு வகை வேதிப்பொருளுக்கு. எண்ணெயில் உள்ள கிளிசரால் அதிகச் சூட்டில் 2 நீர் மூலக்கூறுகளை இழந்து அக்ரோலினாகிறது. அதன் கொதிநிலை வெறும் 53 பாகை செல்சியஸ் என்பதால், உருவானதுமே காற்றில் கலந்துவிடும். முதல் உலகப் போரில் பிரெஞ்சுப் படை இதைக் கண்ணெரிக்கும் ஆயுதமாகவே பயன்படுத்தியது.

உடலுக்குள் நடப்பது இதுதான். அக்ரோலினின் ஒரு முனை, கந்தகம் உள்ள இடத்தைத் தேடிப் பற்றிக்கொள்ளும். உயிரணுவில் முதலில் எதிர்கொள்வது குளுடாதயோன் என்ற காப்பு மூலக்கூறு. தன் கந்தக முனையைக் கொடுத்து அக்ரோலினைக் கட்டிவிடும். கட்டியது பின்னர் சிறுநீரில் வெளியேறும். ஒரு மூலக்கூறுக்கு ஒரு குளுடாதயோன் என்று கையிருப்பு கரையும். அது வற்றினால் அடுத்த இலக்கு புரதங்களில் உள்ள சிஸ்டீன், ஹிஸ்டிடின், லைசின் என்ற அமினோ அமிலங்கள். ஒட்டிய பிறகும் அக்ரோலினின் மறுமுனை சும்மா இருப்பதில்லை. பக்கத்துப் புரதத்தையும் பிடித்து இரண்டையும் தைத்துவிடும். தைக்கப்பட்ட நொதி வேலை செய்யாது. மூச்சுக்குழாயில் சளியைத் தள்ளும் நுண்மயிர்களின் அசைவும் மந்தமாகும். மரபுப்பொருளான டிஎன்ஏவின் குவானின் என்ற பகுதியிலும் ஒட்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2021இல் இதை 2ஏ பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பு அதிகம் என்ற வகையில் சேர்த்தது.

ஆகவே புகை வந்தபின் விரட்டுவதைவிட, வராமல் பார்ப்பதே வேலை. முறுக்கு, வடைக்கு 170 முதல் 180 பாகை போதும். வெப்பமானியின் நுனி எண்ணெயின் நடுவில் இருக்கட்டும். சட்டியின் அடியைத் தொட்டால் தவறான அளவு காட்டும். வெப்பமானி இல்லையா? மாவைக் கிள்ளிப் போடுங்கள். சலசலத்து மேலே வந்தால் பதம், போட்டவுடன் கறுத்தால் சூடு மிஞ்சிவிட்டது. ‘புகை வரட்டும், பிறகு போடலாம்’ என்ற பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

சுத்திகரித்த கடலை எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ 220 பாகைக்கு மேல்தான் புகையும். செக்கு நல்லெண்ணெய் பொரிக்கும் சூட்டிலேயே புகையத் தொடங்கலாம். அது தாளிப்புக்கும் இட்லிப் பொடிக்கும் இருக்கட்டும். சட்டியில் பாதிக்கு மேல் எண்ணெய் வேண்டாம். 1 லிட்டருக்கு ஒரு ஈடு சுமார் 100 கிராம் மாவு. அதற்கு மேல் போட்டால் சூடு விழும், தீயைக் கூட்டுவோம், சிக்கல் அங்கேதான் தொடங்கும்.

பலர் கவனிக்காத நேரம் ஈட்டுக்கு ஈடு இடைவெளி. மாவின் ஈரம் ஆவியாகும்வரை எண்ணெயைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கும். எடுத்தபின் அந்தக் குளிர்ச்சி இல்லை. சூடு விறுவிறுவென்று ஏறும். ஜல்லிக்கரண்டியைக் கையில் எடுக்கும்முன் தீயைக் குறையுங்கள். மிதக்கும் துணுக்குகளை ஒவ்வொரு ஈட்டுக்கும் அரித்தெடுங்கள். ஆறியதும் துணியில் வடிகட்டினால் இன்னொரு முறை பயன்படும். கறுத்து, பிசுபிசுத்து, நுரை அடங்காத எண்ணெய் சீக்கிரமே புகையும். அதைப் போத்தலில் அடைத்துக் குப்பையில் போடுங்கள், கழுவுதொட்டியில் வேண்டாம்.

புகைபோக்கியை 5 நிமிடம் முன்பே போட்டு, முடிந்தபின் 15 நிமிடம் ஓடவிடுங்கள். குழாய் இல்லாமல் காற்றை வீட்டுக்குள்ளேயே சுற்றவிடும் வகை எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்கும். வாயுவில் பெரும்பகுதி தப்பிவிடும். ஜன்னலைத் திறந்து, மின்விசிறியை வெளிநோக்கி வையுங்கள், அடுப்பை நோக்கி அல்ல. என்95 முகக்கவசம் துகளைத்தான் தடுக்கும், அக்ரோலினோ வாயு, அதைத் தடுக்காது. புகைமூட்டக் காலத்திலும் இதே கதைதான்: மக்கிய தாவரங்கள் படிந்த கரிச்சேற்று நிலம் எரியும் புகையிலும் அக்ரோலின் உண்டு, சிகரெட்டிலும் உண்டு.

மீறிப் புகைந்தால் தீயை அணைத்து மூடியைப் போடுங்கள். சட்டியைத் தூக்காதீர்கள், தண்ணீர் ஊற்றவே கூடாது. ஆஸ்துமா உள்ளவர்களும் குழந்தைகளும் முதலில் வெளியேறட்டும். கண்ணை ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மூச்சுத் திணறல் சில மணிநேரம் கழித்தும் வரலாம். நெஞ்சு இறுகினால் காத்திராமல் ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள்.