ஏசி இரைச்சல்: டெசிபெல்லை நம்பி ஏமாறாதீர்கள்

காரில் ஏசி சத்தமாக இருக்கிறது என்றதும் பலர் கைபேசியில் ஓசையின் அளவை டெசிபெல் அலகில் காட்டும் செயலியைத் திறக்கிறார்கள். இரண்டு கார்களிலும் 55 என்று காட்டினால், இரண்டும் ஒன்றே என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இந்தத் தவறைத்தான் அதிகம் பார்க்கிறேன். அந்த எண் வெறும் மொத்தக் கூட்டல். அதற்குள் காற்றின் ‘உஸ்’ எவ்வளவு, மோட்டாரின் ‘ங்கீ’ எவ்வளவு என்று அது சொல்லாது.

நம் காது ஓசையைத் தாழ்ந்த சுருதி முதல் உயர்ந்த சுருதி வரை பட்டை பட்டையாகப் பிரித்துக் கேட்கிறது. ஜெர்மன் ஒலியியல் அறிஞர் எபர்ஹார்ட் சுவிக்கர் அந்தப் பட்டைகளை 24 என்று வகுத்தார். உயர்ந்த சுருதிப் பட்டைகளில் ஓசை குவியக் குவிய அதன் ‘கூர்மை’ ஏறும், எரிச்சலும் ஏறும். இதை அளக்க ‘அக்கும்’ (acum) என்ற அலகே உண்டு.

ஏசியின் காற்றைத் தள்ளும் விசிறியான புளோயரின் சக்கரத்தில் 40 இதழ்கள் இருக்கின்றன, அது நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 50 சுற்று. 40 ஆல் பெருக்கினால் விநாடிக்கு 2,000 இதழ்கள் கடக்கும், அதாவது 2,000 ஹெர்ட்ஸ் ஓசை. காது நன்றாகக் கூர்ந்து கேட்கும் இடம் இது. அங்கே மெல்லிய கீச்சு எழுந்தாலும் மானியின் முள் அசையாது. நமக்கோ பல்லைக் கூசவைக்கும். இதனால்தான் ‘இரைச்சலைக் குறைத்தால் போதும்’ என்பதும் தவறாகிறது. அதுவரை அந்தக் கீச்சை மூடி மறைத்திருந்தது காற்றின் சீறல்தான். சீறலை மட்டும் அடக்கினால் கீச்சு அப்பட்டமாகக் கேட்கும். மின்சாரக் காரில் எஞ்சின் ஓசை என்ற போர்வையும் இல்லை.

ஒரு காரின் ‘2’ஆம் வேகத்தை இன்னொன்றின் ‘2’உடன் ஒப்பிடாதீர்கள், வரும் காற்றின் அளவு வேறு. விசிறி வேகம் இரட்டித்தால் ஓசை ஏறக்குறைய 15 டெசிபெல் ஏறும். 10 ஏறினாலே காதுக்கு இரு மடங்காகத் தோன்றும். உள்காற்றுச் சுழற்சியில் ஒரு காரையும் வெளிக்காற்றில் மற்றதையும் கேட்பதும் நியாயமல்ல. உள்காற்றில் புளோயரின் வாய் நம் பக்கமே திறந்திருக்கும்.

பக்கத்து இருக்கை காலி என்று அங்கே காற்று வரும் வாய்களை மூடிவிடுவதும் வழக்கம். மிச்சமுள்ள வாய்களில் காற்று நெருக்கியடித்துப் பாய்கிறது. ஓட்டுநர் பக்கத்து வாயை மெல்ல மூடிக்கொண்டே வாருங்கள்: அகலமாக இருந்த ‘ஹா’ ஒடுங்கி, கடைசி விரற்கடை இடைவெளியில் ‘ஸ்ஸ்’ என்று சீறும். வேப்பமரத்தடியில் நிறுத்திய காரில் ‘டர்ர்’ என்று கேட்டால், மோட்டாரைக் குறை சொல்லும் முன் புளோயரைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒரு காய்ந்த இலைக்காம்பு இதழ்களில் உரசிக்கொண்டிருக்கலாம்.